18 டிகிரி குளிர்... 30 நிமிட கெடு... ரத்த ஓட்டமே நின்றாலும் மூளை பிழைப்பது எப்படி?

இதயம் துடிக்கவில்லை. மூச்சு இல்லை. உடம்பில் ஒரு சொட்டு ரத்தம்கூட ஓடவில்லை. மூளை அலைகளைக் காட்டும் திரையில் நேர்க்கோடு. உடல் ஃப்ரிட்ஜில் வைத்த மாதிரி ஜில்லென்று இருக்கிறது. பார்க்கிற யாரும் ‘உயிர் போயிடுச்சு’ என்றுதான் சொல்வார்கள். ஆனால், சில மணி நேரம் கழித்து இவர் ஐ.சி.யூ-வில் கண் விழித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

சயின்ஸ் ஃபிக்‌ஷன் கதை இல்லை. பெரிய இதய மருத்துவமனைகளில் நடக்கும் ஒரு சிகிச்சை முறை இது. பெயர், ‘டீப் ஹைப்போதெர்மிக் சர்க்குலேட்டரி அரெஸ்ட்’. சுருக்கமாக, டி.ஹெச்.சி.ஏ. உடலை ஆழமாகக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தை முழுவதுமாக நிறுத்தி, அந்த இடைவெளியில் அறுவை சிகிச்சையை முடிப்பது. இதில் டாக்டர்களின் பெரிய கவலை இதயம் அல்ல, மூளை!

மூளைக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவசரம்?

நம் உடல் எடையில் மூளையின் பங்கு வெறும் 2 சதவிகிதம். ஆனால், நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவிகிதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு செலவு செய்யும் மூளைக்குச் சேமிப்புப் பழக்கமே கிடையாது. ரத்தம் நின்றால் பத்து, பதினைந்து விநாடிகளில் நினைவு போய்விடும். சாதாரண உடல் வெப்பநிலையில் நான்கைந்து நிமிடங்கள் கடந்தால் மூளை செல்கள் நிரந்தரமாகச் சேதமடைய ஆரம்பிக்கும். சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் இதைவிட அதிக நேரம் தாங்கும்.

‘அதான் ஹார்ட்-லங் மெஷின் இருக்கே?’

நியாயமான கேள்வி. வால்வு மாற்றுவது போன்ற பெரும்பாலான இதய ஆபரேஷன்களில், இதயத்தை நிறுத்தினாலும் ஹார்ட்-லங் மெஷின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றி, மூளைக்கும் உடலுக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அங்கே ரத்த ஓட்டத்தை நிறுத்த அவசியமே இல்லை.

சிக்கல், மகாதமனியின் வளைவில் வரும். இதயத்திலிருந்து மேலே கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், குடைக் கைப்பிடி மாதிரி வளைந்து கீழே இறங்குகிறது. தலைக்கும் கைகளுக்கும் போகும் கிளைகள் அந்த வளைவில்தான் பிரிகின்றன. அந்த இடமே வீங்கிப்போனாலோ, உள்சுவர் கிழிந்தாலோ, வளைவை வெட்டிவிட்டு செயற்கைக் குழாயைத் தைக்க வேண்டும். வீட்டில் மெயின் பைப்பையே மாற்றும்போது தண்ணீரை நிறுத்தாமல் வேலை பார்க்க முடியுமா? அதே கதைதான்.

பிறவி இதயக் கோளாறுள்ள பச்சிளம் குழந்தைகளுக்கான சில ஆபரேஷன்களிலும், நுரையீரல் ரத்தக்குழாய்களில் நாள்பட்டுக் கெட்டியாகிப்போன ரத்தக்கட்டிகளை உரித்து எடுக்கும் ஆபரேஷனிலும் இந்த முறை தேவைப்படுகிறது.

குளிர் என்ன செய்கிறது?

போனில் சார்ஜ் 5 சதவிகிதத்துக்கு வந்ததும் என்ன செய்வோம்? பேட்டரி சேவர் போடுவோம். குளிர், மூளைக்கு அந்த பேட்டரி சேவர். வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் குறையும்போதும், மூளையின் ஆக்சிஜன் தேவை சுமார் 6 முதல் 7 சதவிகிதம் குறைகிறது. 37-லிருந்து 18 டிகிரிக்கு இறங்கும்போது, தேவை சுமார் ஐந்தில் ஒரு பங்காகிவிடும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணமாக 5 நிமிடம் தாங்கும் மூளை, செலவு ஐந்தில் ஒன்றானால் 25 நிமிடம் தாங்கும். டாக்டர்கள் ‘20-லிருந்து 30 நிமிடம் வரை ஓரளவு பாதுகாப்பு’ என்று சொல்வதன் பின்னால் இருப்பது ஏறக்குறைய இந்தக் கணக்குதான். ஆக்சிஜன் இல்லாதபோது மூளையில் சுரந்து செல்களை அழிக்கும் குளூட்டமேட் போன்ற ரசாயனங்களையும் குளிர் கட்டுப்படுத்துகிறது.

விறைத்துப்போன விரல்களில் தொடங்கிய ஐடியா

கனடாவின் டொரன்டோவில் வேலை பார்த்த டாக்டர் வில்ஃப்ரெட் பிகலோ, 1940-களின் தொடக்கத்தில், பனியில் விறைத்து அழுகிய விரல்களை ஒரு நோயாளிக்கு அகற்ற வேண்டியிருந்தது. அதிலிருந்து, குளிர் உடலை என்ன செய்கிறது என்று தேட ஆரம்பித்தார். குளிரில் நடுங்கும்போது உடல் கூடுதலாகத்தான் ஆக்சிஜனைச் செலவழிக்கும். மயக்க மருந்தால் அந்த நடுக்கத்தை அடக்கிவிட்டால், செலவு சரசரவென இறங்குவதை நாய்களிடம் ஆய்வுசெய்து காட்டினார்.

1952 செப்டம்பர் 2. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனை. இதயச் சுவரில் ஓட்டையுள்ள 5 வயதுச் சிறுமியின் உடலை, டாக்டர் ஜான் லூயிஸ் குழுவினர் குளிர்ப் போர்வைகளால் சுற்றி 28 டிகிரிக்குக் கொண்டுவந்தார்கள். இதயத்துக்கு வரும் ரத்தத்தை ஐந்தரை நிமிடங்கள் தடுத்து நிறுத்தி, ஓட்டையைத் தைத்து மூடினார்கள். சிறுமி பிழைத்தாள். இதயத்தைத் திறந்து, கண்ணால் பார்த்துச் செய்த முதல் வெற்றிகரமான அறுவை சிகிச்சையாக இதைச் சொல்கிறார்கள். ஹார்ட்-லங் மெஷின் வைத்து டாக்டர் ஜான் கிப்பன் ஜெயித்தது, அடுத்த ஆண்டு மே மாதத்தில்தான்.

பிறகு மெஷினும் குளிரும் கைகோத்தன. 1975-ல் ஸ்டான்ஃபோர்டின் டாக்டர் ராண்டல் க்ரீப் குழுவினர், ஆழ்ந்த குளிரில் மகாதமனி வளைவையே மாற்றிய ஆபரேஷன்களை வெளியிட்டார்கள். ‘தொடவே முடியாது’ என்று ஒதுங்கி நின்ற இடத்துக்கு அங்கிருந்துதான் பாதை திறந்தது.

தியேட்டருக்குள் என்ன நடக்கும்?

* முழு மயக்கம் கொடுத்து, மூக்கின் உட்பகுதியிலும் சிறுநீர்ப்பையிலும் வெப்பநிலை காட்டும் சென்சார்களை வைப்பார்கள். ஒன்று மூளையின் குளிரைக் கணிக்க, மற்றொன்று உடலின் குளிரைக் கணிக்க.

* ஹார்ட்-லங் மெஷின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்வித்து உடலுக்குள் அனுப்பும். அவசரப்பட்டால் மூளை எல்லா இடத்திலும் ஒரே சீராகக் குளிராது.

* பல இடங்களில் தலையைச் சுற்றி ஐஸ் பேக் வைப்பார்கள். நெற்றியில் ஒட்டும் சென்சார், மூளைத் திசுவின் ஆக்சிஜன் அளவைக் காட்டிக்கொண்டே இருக்கும். சில மருத்துவமனைகளில் இ.இ.ஜி கோடு நேராகும் வரை காத்திருப்பார்கள்.

* அதன் பிறகு, மெஷின் நிறுத்தப்படும். அந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். எத்தனை நிமிடம் ஆனது என்று குழுவில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்க, சர்ஜன் தைப்பார்.

30 நிமிடம் தாண்டினால்?

குளிர் தருவது கடன். இலவசம் இல்லை. ஏறத்தாழ 40 நிமிடங்களைத் தாண்டும்போது பக்கவாத ஆபத்து கூடுகிறது. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் உயிரிழப்பு ஆபத்தும் ஏறுகிறது. குளிர்ந்த ரத்தம் சரியாக உறையாது என்பதால், ரத்தக்கசிவும் பெரிய தலைவலி.

அதனால் இப்போது பல சர்ஜன்கள், உடலுக்கு ரத்தத்தை நிறுத்தினாலும் மூளைக்கு மட்டும் தனி லைன் போடுகிறார்கள். வலது தோளுக்குக் கீழே இருக்கும் ரத்தக்குழாய் வழியாக, குளிர்ந்த ரத்தத்தைக் குறைந்த அளவில் மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். இதனால் கூடுதல் நேரம் கிடைக்கிறது. 18 டிகிரி வரை போகாமல், 20-லிருந்து 28 டிகிரிக்குள் நிறுத்திக்கொள்ளவும் முடிகிறது.

சூடாக்கும்போதுதான் உஷார்!

வேலை முடிந்ததும் ‘சீக்கிரம் சூடாக்கு’ என்று அவசரப்பட முடியாது. ஜில் சோடாவை வெயிலில் வைத்தால் பொங்குகிறது இல்லையா? குளிர்ந்த ரத்தத்தைச் சட்டென்று சூடாக்கினால், கரைந்திருக்கும் வாயு அதேபோல் குமிழியாக வெளியேறலாம். மூளை அளவுக்கு மீறி சூடானால், அதுவரை காப்பாற்றிய செல்கள் பாதிக்கப்படலாம். அதனால், உள்ளே போகும் ரத்தம் 37 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல் வந்தாலும் உடனே கட்டுப்படுத்துகிறார்கள்.

கண் விழித்த பிறகு சிலர் சில நாள்கள் குழப்பமாகப் பேசலாம், ஆளை மாற்றிச் சொல்லலாம். பலருக்கு இது தானாகச் சரியாகிவிடும். ஆனால், ஒரு பக்கக் கை கால் அசையாமல் இருந்தாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த ஆபரேஷன் என்றால், தயங்காமல் கேளுங்கள்:

* ரத்த ஓட்டத்தை எவ்வளவு நேரம் நிறுத்துவீர்கள்?
* மூளைக்குத் தனியாக ரத்தம் அனுப்புவீர்களா?
* இவருக்கு பக்கவாத ஆபத்து எவ்வளவு?
* கண் விழிக்க எவ்வளவு நேரம் ஆகலாம்?

இது எனக்கெதுக்கு?

‘எனக்கு 25 வயசுதானே’ என்று ஸ்க்ரோல் செய்துவிடாதீர்கள். மகாதமனிக் கிழிசலுக்கு முக்கியக் காரணம், கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம். மார்ஃபான் சிண்ட்ரோம் போன்ற மரபணுப் பிரச்னை இருந்தால், இளம் வயதிலேயே வரலாம். அளவுக்கு மீறிய உயரம், நீண்ட விரல்கள், குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென இறந்த வரலாறு... இவையெல்லாம் இருந்தால் ஒரு எக்கோ பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

நெஞ்சிலோ, முதுகிலோ திடீரென்று கிழிப்பது போன்ற கடும் வலி வந்தால், ‘கேஸ் ட்ரபிள்’ என்று இஞ்சி டீ குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-க்கு போன் செய்யுங்கள். இதயத்தை ஒட்டிய பகுதியில் கிழிசல் என்றால், ஆரம்பக்கட்டத்தில் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உயிரிழப்பு ஆபத்து 1 முதல் 2 சதவிகிதம் கூடுவதாக மருத்துவ உலகம் கணக்கிடுகிறது. தியேட்டருக்குள் போன பிறகு, டாக்டர்களால் குளிரை வைத்து நேரத்தை நீட்டிக்க முடியும். தியேட்டர் வரை போய்ச் சேரும் நேரம் நம் கையில்தான் இருக்கிறது.