ஒரு நாள் குளிர்ச்சி

குளிர்ச்சியைத் தேடி மலைக்குப் போவது மனித இயல்பு என்பதுபோலப் பேசிக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் இந்த ஆசைக்கு வயது இருநூறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அதற்கு முன்னால் மலைக்குப் போனவன் சாமி கும்பிடப் போனான்; தேனுக்கும் மிளகுக்கும் போனான்; பரிசில் வாங்கப் போனான். சிறுபாணாற்றுப்படை அடுக்கிச் சொல்லும் வள்ளல்கள் எழுவரும் ஏறக்குறைய மலைக்காரர்களே. பாரிக்குப் பறம்பு, ஓரிக்குக் கொல்லி, ஆய்க்குப் பொதியில், பேகனுக்குப் பழனியைச் சுற்றிய நாடு. வெயிலில் நடந்து இவர்களைத் தேடிப் போன பாணனுக்கு அங்கே அடிக்கும் காற்று குளுமையா வெக்கையா என்பது ஒரு பொருட்டாக இருந்ததாகத் தெரியவில்லை. அவன் வயிறு காய்ந்திருந்தது. மலைக்குளிர் என்றால் நடுக்கம். மயிலுக்குப் பேகன் போர்வை தந்த கதையே குளிர் உயிரை வாட்டும் என்ற எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் வழிகாட்டி இருந்தான். மலைபடுகடாத்தின் 583 அடிகளும் செங்கண்மாத்து நன்னனின் மலைக்குப் போகும் கூத்தர் கூட்டத்துக்கு ஒருவன் சொல்லும் வழிதான். பன்றிக்கு வெட்டிய பொறிக்குழி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்பவனின் கவண் கல் எந்தப் பக்கமிருந்து வரும், பாசி வழுக்குமிடத்தில் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். சொல்கிறவன் போய்ப் பெற்று வந்தவன், கேட்பவனைப் போலவே ஒரு கூத்தன். கூலிக்கு வழி காட்டுகிறவன் இல்லை. இந்த ஆளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் பின்பகுதியில் வேறு உடுப்பில் வருவான்.

மலையைக் குளிர்ச்சிக்கான இடமாக மாற்றியவன் வெள்ளைக்காரன் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தெரியாதது, அல்லது தெரிந்தும் நாம் யோசிக்காதது, இந்த மாற்றத்தின் சரித்திரத்தை ஊட்டியில் நின்று படிப்பதைவிட ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் நின்று படித்தால் தெளிவாகப் படிக்கலாம் என்பது. சென்னைப் பட்டணத்தின் முதல் குளிர்ச்சி வடக்கே, எண்ணூரில் இருந்தது.

இன்று சொன்னால் சிரிப்பார்கள். பேசில் காக்ரேன் 1806இல் பட்டணத்திலிருந்து எண்ணூர் வரை பதினொரு மைல் கால்வாய் வெட்டினார். உப்பும் விறகும் போய்வரத்தான் அது. கூடவே துரைமாரும் போனார்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழி, நடுவே மணல் திட்டு, மத்தியானம் கடந்ததும் எழும் கடற்காற்று. கோடை பொறுக்காத ஐரோப்பியர்கள் அங்கே வீடு கட்டிக்கொண்டார்கள். படகில் காற்று வாங்கினார்கள். பழைய ஜில்லா விவரக் குறிப்புகள் எண்ணூரை ஐரோப்பியர்கள் விரும்பித் தங்கிய ஒரு காலத்து உல்லாச ஸ்தலம் என்று, பழங்கதை சொல்லும் தொனியில், எழுதிவிட்டு உப்பளக் கணக்குக்குப் போய்விடுகின்றன. கழியில் இறால் பிடித்தவர்களுக்கு அந்தக் காற்று உல்லாசமும் இல்லை, ஸ்தலமும் இல்லை. அது அவர்கள் வேலை செய்த இடத்தின் காற்று.

எண்ணூரை அவர்கள் கைவிட்டதற்குக் காரணம் மேற்கே இன்னும் குளிர்ந்த ஒன்று கிடைத்ததுதான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார்; 1820களின் தொடக்கத்தில் உதகையில் கல் வீடு கட்டினார். பதினைந்து வருஷத்துக்குள் இந்தியாவின் கவர்னர் ஜெனரலே அங்கே உட்கார்ந்து ராஜ்யம் நடத்துமளவுக்கு அந்தக் குளிர் பிரசித்தமாகிவிட்டது. 1834 ஜூனில் மெக்காலே சென்னையில் கரையிறங்கினபோது பெண்டிங்க் பிரபு ஊட்டியில் இருந்தார். மெக்காலே போயாக வேண்டும். சுமார் நானூறு மைல் பல்லக்கில் போனார். பட்டணத்துக்கு அன்று துறைமுகம் கிடையாது. மசூலாப் படகுக்காரர்கள் அலையின் மேல் ஏற்றிக் கரை சேர்க்க வேண்டும். பிறகு தூக்கிகள் தோளில் ஏற்றி மலை சேர்க்க வேண்டும். நமக்கு இங்கிலீஷ் படிப்பை விதித்த மனிதர் இந்த நாட்டில் முதன்முதலாகப் பார்த்தது மனிதத் தோள்களின் மேலிருந்து. அவர் தன் பிரயாணத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். தூக்கினவர்கள் எழுதவில்லை. படகோட்டிகளாவது ராயபுரத்தில் புனித ராயப்பருக்கு ஒரு கோயில் கட்டி, ஊருக்கே அந்தப் பேரை வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த ராயபுரத்தில்தான் 1856 ஜூன் 28ஆம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை வண்டி ஓடிற்று. கம்பெனிக்காரர்கள் கண் வைத்திருந்தது பருத்தியின் மேலும் பட்டாளத்தின் மேலும். கீழைக் கடற்கரையை மேலைக் கடற்கரைப் பேப்பூரோடு இணைப்பதுதான் திட்டம். 1862இல் அது நிறைவேறியது. ஆனால் அந்தப் பாதையை வரைபடத்தில் பார்த்தால் அது மலை மலையாகத் தொட்டுக்கொண்டு போவது தெரியும். ஏலகிரி அடிவாரத்தில் ஜோலார்பேட்டை, ஏற்காட்டு அடிவாரத்தில் சேலம், நீலகிரிக்குப் போகிறவன் இறங்கப் போத்தனூர், 1864இல் பெங்களூர்க் கிளை. கடைசியாக 1873இல் மேட்டுப்பாளையம். ராயபுரத்திலிருந்து வைத்த தண்டவாளம் நீலமலையின் காலடியை எட்டியது. அதே 1873இல் பார்க் டவுனில் சென்ட்ரல் ஸ்டேஷன் திறந்தாயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரயாணிகள் அங்கே போய், ராயபுரத்துக்குச் சரக்கு மிஞ்சிற்று. இன்றைக்கும் நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்ட்ரலிலிருந்துதான் கிளம்புகிறது.

இந்த எழுபதுகளில் நடந்த இன்னொன்றைப் பார்க்க வேண்டும். 1870லிருந்து சென்னை ராஜதானியின் அரசாங்கமே கோடையில் ஊட்டிக்குக் குடிபெயர ஆரம்பித்தது. கவர்னர், காரியதரிசிகள், குமாஸ்தாக்கள், கோப்புகள் எல்லாம். வருஷா வருஷம் இந்தப் பயணத்துக்கு ஆகும் செலவைப் பத்திரிகைகள் கேலி செய்து எழுதிக்கொண்டே இருந்தன. அரசாங்கம் போய்க்கொண்டே இருந்தது. பக்கிங்ஹாம் டியூக் கவர்னராக இருந்தபோது ஊட்டியில் கவர்னர் மாளிகை கட்டும் வேலை 1877இல் தொடங்கிற்று. 1876-78 தமிழ்நாட்டின் தாது வருஷப் பஞ்சம். ராஜதானி முழுக்கப் பிணம் விழுந்துகொண்டிருந்த அதே மாதங்களில், எண்ணூர்வரை போன காக்ரேன் கால்வாயைப் பட்டணத்துக்குள் அடையாற்றோடு இணைக்கப் பஞ்ச நிவாரணக் கூலிகள் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் கால்வாய்க்கு டியூக்கின் பெயரை வைத்தார்கள். மலை மேல் அவர் மாளிகை, கடலோரத்தில் அவர் கால்வாய். ஒன்றில் குளிர் காய்ந்தார். மற்றதில் பட்டினிக்காரன் வெட்டிய மண்ணின் மேல் அவர் பெயர் ஓடுகிறது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்கும் சரித்திரப் புத்தகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ஊட்டிக்கு ஒரு புஸ்தகம், பஞ்சத்துக்கு ஒரு புஸ்தகம் என்று அலமாரியில் தனித்தனியாக நிற்கின்றன.

மலை ரயில் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1899இல் குன்னூர், 1908இல் ஊட்டி. பல்சக்கரம் கடித்துக்கொண்டு ஏறும் பாதை. 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக்கிற்று. பாரம்பரியம் என்ற சொல்லுக்கு இங்கே என்ன பொருள் என்று கேட்பது நாகரிகமாகாது.

சுதந்திரத்துக்குப் பிறகு கதை மறுபடியும் வடக்கே வருகிறது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி எண்ணூரில் தொழிற்சாலை வந்தது. 1955இல் அது அசோக் லேலண்ட். அதே 1955இல் என்ஃபீல்ட் இந்தியா. திருவொற்றியூரில் புல்லட் உருவாயிற்று. அதன் முதல் பெரிய வாடிக்கை எல்லையைக் காக்கும் ராணுவம். அதாவது இந்த மணல்வெளியில் உருவான வண்டிகள் ஆரம்பத்திலிருந்தே உயரமான இடங்களுக்குப் போகப் பிறந்தவை. தமிழ்நாட்டு அரசுப் பஸ்களில் பெரும்பகுதி லேலண்ட் சேஸிஸ். கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும் பஸ்ஸின் எஞ்சினை, கடல் மட்டத்துக்குச் சில அடி மேலே, ஃபவுண்டரி வெக்கையில் நின்ற ஒருவன் கோத்திருக்கிறான். மலையை எல்லோருக்கும் கொண்டுவந்ததில் பங்கு யாருக்கு என்று கணக்குப் பார்த்தால் சல்லிவனைவிட இவனுக்கு அதிகம் சேரும்.

எண்ணூரின் காற்றுக்கும் இந்தக் காலத்தில்தான் கதி வந்தது. 1969இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம். அது 2017இல் மூடப்படும்வரை நிலக்கரி எரித்தது. அதற்குள் அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம் வந்துவிட்டது. சாம்பலும் வெந்நீரும் கழியில் கலந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியின் எண்ணெய் இறங்கிக் கொசஸ்தலை முகத்துவாரம் முழுக்கக் கறுத்தது. துரைமார் படகில் காற்று வாங்கின நீர் அதுதான். நகரத்துக்கு மின்விசிறி சுழல வேண்டும், குளிர்சாதனம் ஓட வேண்டும். அதற்கான சூடு எங்காவது கழிந்தாக வேண்டும். குளிர்ச்சிக்கு எப்போதும் ஒரு கழிவிடம் இருக்கிறது.

ஆகவே இந்தப் பகுதிக்காரன் குளிர்ச்சிக்கு வெளியே போகிறான். ஏற்பாட்டை அறிந்தவர்களுக்குத் தெரியும். நற்பணி மன்றமோ, ஷிப்டில் கூட வேலை பார்க்கும் நாலு பேரோ, மாதா கோயில் இளைஞர் சங்கமோ வருஷம் முழுக்கச் சீட்டுக் கட்டிப் பணம் சேர்ப்பார்கள். மே மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பஸ் எடுப்பார்கள். அண்டாவும் அரிசியும் சமையல்காரரும் கூடவே ஏறுவார்கள். விடியும்போது ஏலகிரியோ ஏற்காடோ. ஊட்டியென்றால் இரண்டு ராத்திரி பஸ்ஸிலேயே. ஒரே பகல் மலை, இருட்டியதும் இறக்கம், திங்கள் காலை ஷிப்டு. இந்த ஒற்றைப் பகலைப் பார்த்து முகம் சுளிப்பவர்களில் நம் எழுத்தாளர்கள் முன்னணியில் இருக்கிறார்கள். சத்தம், குப்பை, சினிமாப் பாட்டு. நம் கதைகளில் மலை வாசஸ்தலம் தேனிலவுக்கு, தற்கொலைக்கு, மூடுபனியில் கரையும் ஒரு தனி மனிதனின் துக்கத்துக்கு. ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ (1963) படகர்களின் வாழ்க்கைக்குள்ளிருந்து மலையைப் பார்த்தது, அது வேறு. கீழேயிருந்து அண்டாவோடு ஏறி வருபவன் நம் எழுத்தில், என் வாசிப்புக்கு எட்டியவரை, பின்னணி இரைச்சலாகவே இருக்கிறான். மூடுபனியின் அழகை அவன் கெடுத்துவிடுகிறான் போலும். அந்த அழகுணர்ச்சி துரைமாரின் நாற்காலியிலிருந்து நேரே நமக்கு வந்தது என்பதை ஏற்காட்டின் இடப்பெயர்களே சொல்லும்: லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட். உட்காருவதற்கு இடம் பார்த்தவன் ஏறி வந்தது இன்னொருவனின் தோளில்.

ஏலகிரியில் வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். பதினாலு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர்கள். கபிலர் ஒரு வளைவு, ஔவை ஒரு வளைவு, பாரி ஒன்று, பேகன் ஒன்று. இதைத் தமிழ்ப்பற்று விளம்பரம் என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தள்ள மனமில்லை. பரிசில் தேடி ஏறினவர்களின் பாதையில், அவர்களுடைய பெயர் எழுதிய வளைவுகளில், பரிசில் எதுவும் கிடைக்காது என்று தெரிந்தே ஒரு கூட்டம் ஏறுகிறது. மேலே படகுத்துறை, பஜ்ஜி, கொஞ்சம் காற்று.

2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது; 2025 ஏப்ரலிலிருந்து வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு. மலை தாங்காது என்பது உண்மை. ஆனால் யாருடைய வண்டி முதலில் நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அரசுப் பஸ்ஸில் போகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை என்பது ஒரு ஆறுதல். அண்டாவை அதில் ஏற்ற விடுவார்களா என்பது வேறு விஷயம்.

மலைபடுகடாத்து ஆளை மறந்துவிடவில்லை. இந்த டூர்களுக்கு லைசென்ஸ் வாங்கின கைடு கிடையாது. போன வருஷம் போய்வந்த ஒரு ஃபிட்டர்தான் இந்த வருஷம் டிரைவர் பக்கத்தில் உட்காருகிறார். சீட்டு கட்டும்போதே சொல்ல ஆரம்பித்துவிடுவார். ஸ்வெட்டர் வாங்கிக் காசைக் கொட்டாதே, பெரிய துண்டு ஒன்று போதும். வளைவு ஆரம்பிக்குமுன்னே பிள்ளைக்கு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிடு, பிறகு கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. கீழே டோல்கேட் தாண்டினதும் தண்ணீர் பிடித்துக்கொள், மேலே விலை. குரங்குக்குக் கையைக் காட்டாதே. அருவியில் பாசி இருக்கும், வலது பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டே இறங்கு. மூன்று மணிக்கு மேல் ஒரு காற்று வரும் பார், அதுவரை ஊரைச் சுற்று, மூன்று மணிக்கு எல்லோரும் ஒரு இடமாக உட்கார்ந்துவிடுங்கள்.