பிரேக் பெடல் தொய்வு

பிரேக் பெடல் தொய்வு என்பது கார்களின் ஹைட்ராலிக் பிரேக் அமைப்பில் ஏற்படும் ஒரு கோளாறு. பெடலை மிதிக்கும்போது காலுக்கு உறுதியான எதிர்ப்பு கிடைக்காது. பெடல் பஞ்சு மெத்தைபோல் அமுங்கி, காலைத் தளர்த்தினால் மெல்ல எழும்பும். பணிமனைகளில் இதை "ஸ்பாஞ்ச் பெடல்" என்றும் "ஏர் புடிச்சிருக்கு" என்றும் சொல்வார்கள். குழாய்களுக்குள் சிக்கிய காற்றே பெரும்பாலும் காரணம். கொதித்த பிரேக் ஆயிலின் ஆவி, உப்பிய ரப்பர் ஹோஸ், வளைந்த பிரேக் பேட் ஆகியவற்றாலும் இதே உணர்வு வரும். எனவே காற்றை எடுத்துவிட்டால் மட்டும் பழுது தீர்ந்ததாகாது. அந்தக் காற்று எந்த வழியாக உள்ளே வந்தது என்பதைக் கண்டறிந்து அடைக்க வேண்டும்.

இயங்கும் முறை

காலின் விசையைப் பெடல் நெம்புகோல் ஏறக்குறைய நான்கு மடங்காக்குகிறது. வெற்றிட பூஸ்டர் அதை மேலும் கூட்டி மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்குத் தருகிறது. பிஸ்டன் தள்ளும் பிரேக் ஆயில் எஃகுக் குழாய்கள், ரப்பர் ஹோஸ்கள் வழியாகச் சென்று டிஸ்க் பிரேக்கில் காலிப்பரையும் டிரம் பிரேக்கில் வீல் சிலிண்டரையும் இயக்குகிறது. திரவம் சுருங்காது என்பதே இந்த அமைப்பின் அடிப்படை. வாயு சுருங்கும் என்பதால் குழாயில் சிறிது காற்று இருந்தாலே பெடலின் பயணம் கூடிவிடுகிறது.

எவ்வளவு கூடும் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 20.6 மி.மீ. என்றால் அதன் குறுக்குப் பரப்பு சுமார் 3.3 சதுர செ.மீ. குழாயில் 1 கன செ.மீ. காற்று இருந்தால், அழுத்தம் 10 பாரை எட்டும்போதே அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்த இழப்பை ஈடுகட்ட பிஸ்டன் ஏறக்குறைய 3 மி.மீ. கூடுதலாக நகர வேண்டும். நெம்புகோலின் நான்கு மடங்கைச் சேர்த்தால் பெடல் 12 மி.மீ. அளவுக்குக் கூடுதலாக இறங்கும். ஒரு மாத்திரை அளவு காற்றுக்குமிழியைக் கால் உடனே உணர்வது இதனால்தான்.

இன்றைய கார்களின் மாஸ்டர் சிலிண்டரில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன்கள் இருக்கின்றன. ஒரு சுற்றில் கசிவு ஏற்பட்டாலும் மற்றச் சுற்று இரண்டு சக்கரங்களையாவது பிடிக்கும். ஆனால் அப்போது பெடல் வெகு தூரம் இறங்கும், நிற்கும் தொலைவும் கூடும்.

பெடல் உணர்வின் வகைகள்

பெடல் சரியில்லை என்ற புகார் ஒன்றுபோல் ஒலித்தாலும் அதன் பின்னே வெவ்வேறு பழுதுகள் இருக்கலாம்.

அமுங்கி எழும்பும் பெடல்: வாயு சிக்கியிருக்கிறது, அல்லது ஏதோ ஒரு பாகம் விரிகிறது, வளைகிறது. இதுவே தொய்வு.

தாழ்ந்து, ஆனால் உறுதியாக நிற்கும் பெடல்: பின்சக்கர பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. அட்ஜஸ்ட் செய்தால் சரியாகும்.

மிதித்துப் பிடித்தபடியே மெல்ல இறங்கும் பெடல்: வெளியே கசிவு இருக்கலாம், அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே திரும்புகிறது.

முதல் மிதியில் தாழ்ந்து, இரண்டாம் மிதியில் சரியாகும் பெடல்: ஷூ இடைவெளி கூடியிருப்பது ஒரு காரணம். தளர்ந்த வீல் பேரிங்கோ கோணலான டிஸ்கோ பேட்களைப் பின்னுக்குத் தள்ளுவது இன்னொரு காரணம்.

கல்போல் இறுகிய பெடல்: பூஸ்டருக்கு வெற்றிடம் போய்ச் சேரவில்லை.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது, மிதித்திருக்கும் பெடல் சற்று இறங்குவது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம். பலர் இதையே தொய்வு என்று எண்ணி வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுவருவது உண்டு.

காரணங்கள்

காற்று: மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், ஹோஸ் ஆகியவற்றைக் கழற்றி மாட்டிய பிறகு காற்றை முழுமையாக எடுக்காமல் விடுவதே மிகவும் வழக்கமான காரணம். ஆயில் தொட்டியில் அளவு வெகுவாகக் குறைந்தாலும் காற்று உள்ளே போகும். தேய்ந்த வீல் சிலிண்டர் கப், பெடல் திரும்பும் நேரத்தில் காற்றை உறிஞ்சக்கூடும். வலது, இடது காலிப்பர்களை இடம் மாற்றி மாட்டுவது ஒரு பழைய தவறு. அப்போது காற்றை வெளியேற்றும் திருகான பிளீடர் நிப்பிள் மேலே இருப்பதற்குப் பதில் கீழே வந்துவிடும். காற்று மேலேயே தங்கிவிடுவதால் எத்தனை முறை பிளீடிங் (காற்று நீக்குதல்) செய்தாலும் பெடல் ஏறாது.

ஆவி: கார்களில் பயன்படும் டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் கிளைக்கால் சார்ந்தவை. இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கரைந்த நீரால் பெடல் உடனே தொய்வடையாது, ஆயிலின் கொதிநிலைதான் இறங்கும். தர அளவுகோலின்படி புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4-க்கு இவை 230, 155 டிகிரி. நீண்ட இறக்கத்தில் காலிப்பர் சூடேறி ஆயில் கொதித்தால் உண்டாகும் ஆவி, காற்றைப் போலவே சுருங்கும். வண்டி ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிப் பெடல் பழையபடி உறுதியாகும்.

விரியும், வளையும் பாகங்கள்: பழைய ரப்பர் ஹோஸின் உள்ளிழைகள் நைந்தால் அழுத்தத்தில் அது உப்பும். காலிப்பரின் வழிகாட்டி ஊசிகள் துருப்பிடித்து இறுகினால் பேட் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேயும். அந்தப் பேட் டிஸ்கில் தட்டையாகப் படியாமல் வளைந்து கொடுக்கும். புதிதாகப் போட்ட பேட், ஷூ தேய்ந்து படியும்வரை பெடல் சற்று மென்மையாக இருப்பது இயல்பு.

தவறான எண்ணெய்: தொட்டியில் இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ தவறி ஊற்றப்பட்டால் அமைப்பிலுள்ள ரப்பர் பாகங்கள் ஊதிப்போகும். தொட்டி மூடியின் ரப்பர் பெருத்து நெளிந்திருப்பது அதன் முதல் அடையாளம். ரப்பர் கிட்டைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவினாலும் இதே கேடு நேரும். ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது. ரப்பர் தொட்ட எல்லாப் பாகங்களையும் மாற்ற வேண்டிவரும்.

திருவள்ளூர்–கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில்

பிரேக் தொழிலோடு இந்த வட்டாரத்துக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. பாடியில் டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, ஹைட்ராலிக் பிரேக் பாகங்களைத் தயாரிக்கிறது. அதே ஆண்டில் பாடியில் தொடங்கப்பட்ட சுந்தரம் கிளேட்டன், கனரக வாகனங்களின் ஏர் பிரேக் தயாரிப்பில் பெயர் பெற்றது. அம்பத்தூரில் ரானே பிரேக் லைனிங் நிறுவனம் இயங்கிவந்தது. 1997-இல் உருவான திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த அம்பத்தூரும் பாடியும் 2018-இல் சென்னை மாவட்டத்துக்கு மாறின.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கும் தேர்வாய் கண்டிகைக்கும் சரக்கு ஏற்றிவரும் பெரிய லாரிகளில் ஏர் பிரேக் இருப்பதால் இங்கே விவரிக்கும் கோளாறு அவற்றில் வராது. அவற்றை நிறுத்துவதே அழுத்தப்பட்ட காற்றுதான். ஆலைகளுக்கு ஆள் ஏற்றும் கார்களிலும், டாட்டா ஏஸ் போன்ற சிறு சரக்கு வண்டிகளிலும் ஹைட்ராலிக் பிரேக் இருப்பதால் தொய்வு அவற்றின் சிக்கல்.

இவ்வட்டாரத்தின் காலநிலையும் இக்கோளாறுக்கு இடம் தருகிறது. பழவேற்காடு ஏரியையும் கடலையும் ஒட்டிய பகுதி என்பதால் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். உப்புக்காற்றில் எஃகுக் குழாய்களின் இணைப்புகளும் பிளீடர் நிப்பிள்களும் துருவேறி இறுகும். அவற்றை முறையான அளவு ரிங் ஸ்பேனர் இல்லாமல் திருப்பினால் நிப்பிள் முறிந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நேர்ந்ததுபோல் வண்டி வெள்ளத்தில் மூழ்கியிருந்தால், ஆயில் பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் முழுவதையும் மாற்றுவதே முறை.

ஆவியால் வரும் தொய்வு இவ்வட்டாரத்துக் கார்களுக்கு எளிதில் நேரும் இடம் திருமலை மலைப்பாதை. திருவள்ளூரிலிருந்து திருப்பதி ஒரு நாளில் போய்வரும் தொலைவுதான். மலையுச்சிக்கும் அடிவாரத்துக்கும் உயர வேறுபாடு ஏறக்குறைய 700 மீட்டர். 1,500 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு இறங்கினால் சுமார் 10 மெகாஜூல் ஆற்றல் வெளிப்படும். 30 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். கியரை உயர்த்தி வைத்துக்கொண்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அந்த வெப்பத்தின் பெரும்பகுதி டிஸ்குகளில்தான் இறங்கும். மறுநாள் ஊர்ப் பணிமனையில் பெடலை மிதித்துப் பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. மலையிறக்கத்தில் பெடல் அமுங்கியது என்று ஓட்டுநர் சொன்னால் அந்தச் சொல்லையே சான்றாகக் கொண்டு ஆயிலை மாற்ற வேண்டும்.

கண்டறியும் முறை

முதலில் தொட்டியில் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். பேட் தேயத் தேய ஆயில் சிறிது குறைவது இயல்பு. திடீரென்று குறைந்திருந்தால் கசிவு உண்டு. சக்கரங்களின் உட்புறம், டிரம்களின் அடிப்பகுதி, பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும் சேரும் இடம் ஆகியவற்றில் ஈரம் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

அடுத்து இன்ஜினை நிறுத்தி, பூஸ்டரில் உள்ள வெற்றிடம் தீரும்வரை பெடலைச் சில முறை மிதிக்க வேண்டும். அதன்பின் உணர்வதே ஹைட்ராலிக் அமைப்பின் உண்மையான உறுதி. பம்ப் அடிக்க அடிக்கப் பெடல் உயர்ந்து, அப்போதும் மெத்தென்றே இருந்தால் காற்று இருக்கக்கூடும். பலமுறை மிதித்துப் பிடித்துச் சட்டென விடும்போது தொட்டியில் ஆயில் துள்ளி எழும்பினால் அந்த ஐயம் உறுதிப்படும். கண்ணாடி அணிந்து, சற்று விலகி நின்றே இதைப் பார்க்க வேண்டும்.

பழுது எந்தச் சக்கரத்தில் என்று அறிய, விளிம்பு மழுங்கிய ஹோஸ் கிளாம்பால் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்க்கலாம். ஒரு ஹோஸை இறுக்கியதும் பெடல் உறுதியானால் குறை அந்தச் சக்கரத்தின் பக்கம். எல்லாவற்றையும் இறுக்கியும் தொய்வு நீங்காவிட்டால் மாஸ்டர் சிலிண்டரையோ, சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். அலகையோ பார்க்க வேண்டும். சாதாரண பிளையரால் ஹோஸை நெரித்தால் அதன் உள்ளிழை கிழிந்துபோகும்.

காற்று நீக்குதல்

இதற்கு வழக்கமாக இரண்டு பேர் தேவை. பிளீடர் நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள புட்டியில் மூழ்கவிடுவார்கள். உள்ளே இருப்பவர் பெடலை மிதித்துப் பிடித்ததும் கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று வரை திறப்பார். பெடல் இறங்கி நின்றதும் நிப்பிளை மூடிய பிறகே "விடு" என்பார். இந்த வரிசை மாறினால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போய்விடும். குமிழி இல்லாத ஆயில் வரும்வரை இதைத் தொடர வேண்டும். இடையிடையே தொட்டியை நிரப்ப வேண்டும். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக்கூடாது.

மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்குவது பொது வழக்கம். குறுக்கு இணைப்புள்ள அமைப்புகளில் வரிசை வேறுபடுவதால் தயாரிப்பாளரின் கையேட்டைப் பின்பற்ற வேண்டும். பழைய வண்டிகளில் பெடலைத் தரைவரை மிதிக்கக்கூடாது. வழக்கமாகப் போகாத, துரு படிந்த பகுதியில் ரப்பர் கப் உரசிக் கிழியும். பெடலுக்கடியில் மரக்கட்டை வைத்துப் பயணத்தைக் கட்டுப்படுத்துவது இதனால்தான். ஏ.பி.எஸ். அலகுக்குள் காற்று சிக்கினால் அதன் வால்வுகளை ஸ்கேன் கருவியால் இயக்கியே வெளியேற்ற முடியும்.

பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பல தயாரிப்பாளர்கள் ஆயிலை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். சிலிக்கோன் வகையான டாட் 5-ஐ டாட் 3, டாட் 4 ஆயில்களோடு கலக்கக்கூடாது.

பாதுகாப்பும் பின்சோதனையும்

ஓடும் வண்டியில் பெடல் திடீரெனத் தொய்ந்தால் விரைவாகப் பம்ப் அடித்து, கியரைப் படிப்படியாகக் குறைத்து, கைபிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து ஓரங்கட்ட வேண்டும். இன்ஜினை அணைத்தால் பூஸ்டரின் உதவி போய்விடும் என்பதால், வண்டி நிற்கும்வரை அணைக்கக்கூடாது. தொய்ந்த பெடலோடு பணிமனைவரை ஓட்டிச் செல்லாமல் இழுவை வண்டியில் ஏற்றுவதே முறை.

பழுது பார்த்த பிறகு, இன்ஜின் ஓட ஒரு நிமிடம் பெடலை அழுத்திப் பிடித்து அது இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் ஆளற்ற தெருவில் மெதுவாக ஓட்டிச் சோதித்து, மறுநாள் காலையில் பெடலையும் தொட்டியின் அளவையும் மீண்டும் பார்க்க வேண்டும். ஆயில் குறையாமல் பெடலும் உறுதியாக இருந்தால் வேலை முடிந்தது. மறுபடி தொய்ந்தால் காற்று நுழையும் வழி இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள். அப்போது மீண்டும் பிளீடிங்கில் இறங்காமல் கண்டறிதலிலிருந்து தொடங்க வேண்டும்.