ஒரு ஜீப்பின் மூலபாடம்

பழைய நூலொன்றைப் பதிப்பிக்க முற்படுபவர் முன் வந்து நிற்கும் முதற் கேள்வி, எதை மூலமெனக் கொள்வது என்பதே. ஏட்டில் இருப்பதையா, படியெடுத்தவர் திருத்தியதையா, பின்வந்தவர் செருகியதையா? வகுப்பறையில் பல்லாண்டுகளாக நாம் எழுப்பிவரும் இக்கேள்வி, ஒருநாள் போடியில் உள்ள எங்கள் வீட்டுத் தொழுவத்தில், துருவேறிய ஜீப்பின் உருவில் எதிரே வந்து நின்றது. அண்ணனும் தம்பியுமாக அதைச் சீர்செய்த இரண்டு ஆண்டுகளில் நாங்கள் அறிந்துகொண்ட வரலாற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜீப் அவசரத்தில் பிறந்த வண்டி. 1940ஆம் ஆண்டின் கோடையில் அமெரிக்கப் படைத்துறை 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் இலகுவான வண்டி வேண்டும். முதல் மாதிரி 49 நாட்களில் வந்தாக வேண்டும். அந்தக் கெடுவை ஏற்று முடித்துக்காட்டியது, பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரில் நொடித்துக்கொண்டிருந்த அமெரிக்கன் பேண்டம் என்னும் சிறு நிறுவனம். கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் சில நாட்களிலேயே வரைபடங்களை முடித்தார். செப்டம்பர் 23 அன்று மாதிரி வண்டி மேரிலாந்தின் ஹோலபேர்டு முகாமுக்குச் சென்று சேர்ந்தது.

ஆனால் பயிரிட்டவன் ஒருவன், அறுத்தவர் வேறு. பெருமளவில் உற்பத்தி செய்ய பேண்டமால் இயலாது எனக் கருதிய படைத்துறை, அதன் வரைபடங்களை வில்லிஸ்-ஓவர்லேண்டு, ஃபோர்டு ஆகிய நிறுவனங்களுக்கும் காட்டியது. வில்லிஸின் வலு அதன் எஞ்சின். டெல்மர் ரூஸ் மேம்படுத்திய அந்த 2.2 லிட்டர் எஞ்சின் 60 குதிரைத்திறன் தந்தது. ஃபோர்டின் பங்கு முகப்பு. இன்று எவரும் பார்த்தவுடன் அடையாளம் காணும் அந்தச் செங்குத்துத் துளைகள், தகட்டை அச்சில் அழுத்திச் செய்யும் ஃபோர்டின் முறையிலிருந்து வந்தவை. போர்க்கால வண்டிக்கு ஒன்பது துளைகள். போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்தவற்றுக்கு ஏழு. 1941 முதல் 1945 வரை இவ்விரு நிறுவனங்களும் செய்தவை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவை. தன் கைவேலை அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக ஃபோர்டு, போல்ட்டுகளின் தலையிலும் 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்தது. இதற்குப் பின்னர் வருவோம்.

இந்தியாவுக்கு ஜீப் வந்தது போரோடுதான். 1944இல் இம்பால், கோஹிமா களங்களில் ஓடியவற்றுள் எஞ்சியவை போர் முடிந்ததும் ஏலத்துக்கு வந்தன. 1945இல் இரும்பு வணிகத்துக்காகத் தொடங்கப்பட்டது மகிந்திரா அண்டு முகமது. கூட்டாளிகளுள் ஒருவரான மாலிக் குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948இல் நிறுவனத்தின் பெயர் மகிந்திரா அண்டு மகிந்திரா என்றாயிற்று. பம்பாயின் மஸ்காவில் அவர்கள் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினர். 1952 அக்டோபர் 2இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின், சிற்றூர்களுக்கு அரசு என்பது பெரும்பாலும் ஒரு ஜீப்பின் புழுதியாகவே வந்துசேர்ந்தது.

'புதுப்பித்தல்' என்னும் சொல்லுக்கு நம் நாட்டில் ஒரு கசப்பான வரலாறும் உண்டு. 1948இல் காஷ்மீர்ப் போருக்காக ஜீப்புகள் தேவைப்பட்டன. லண்டனில் இந்தியாவின் ஹை கமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், பழுதுநீக்கிப் புதுப்பித்த வண்டிகளுக்குத் தனியார் நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்தார். கேட்கப்பட்டவை 2000. வந்து இறங்கியவை 155. இறங்கிய இடம் நம் சென்னைத் துறைமுகம். அவை படைக்கு உதவாதவை எனச் சோதனையில் தெரிந்தது. நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகள் கேள்விகள் எழுந்தன. 1955 செப்டம்பர் 30 அன்று உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் விவகாரம் முடிந்துவிட்டதாக அறிவித்தார். அடுத்த பிப்ரவரியில் மேனன் மத்திய அமைச்சரானார். விடுதலை பெற்ற நாட்டின் முதல் ஊழல் குற்றச்சாட்டு என்று இன்றும் பேசப்படும் இவ்விவகாரத்தின் நடுவே நிற்பது ஓர் எளிய கேள்விதான்: புதுப்பித்தது என்று சொல்லப்பட்டது புதுப்பித்ததுதானா?

எங்கள் ஜீப் வில்லிஸ் 1953இல் வெளியிட்ட சிஜே-3பி வகை. மகிந்திரா இங்கே செய்தது. புதிய எஞ்சின் முன்னதைவிட உயரமாதலால் பானட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. அந்தத் தூக்கிய நெற்றியே இவ்வகையின் அடையாளம். 1963இல் முதற்பதிவு பெற்ற வண்டி. எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா அரசு ஏலத்தில் எடுத்தார். இடப்பக்கம் ஸ்டியரிங். விடியலில் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போவதும் இருட்டும்போது திரும்புவதுமாக அது எங்களுக்குச் சோறு போட்டது. நாங்கள் இருவரும் படித்தது அந்த வாடகையில்தான். அப்பா காலமானபின் ஆறு ஆண்டுகள் தொழுவத்திலேயே கிடந்தது.

போல்ட்டுகளை இரவெல்லாம் மண்ணெண்ணெயில் ஊறவிட்டுக் காலையில் கழற்றினோம். உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க ஐந்து பூச்சுகள் வரிசையாக வெளிவந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த பச்சையின்மேல் 'ஒன்றியம்' என்ற எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. அதன்முன் இருந்த ஊர்ப்பெயர் அழிந்திருந்தது. ஏட்டில் செல்லரித்த இடம் போன்றது அது. ஊகித்து நிரப்பவில்லை, படம் எடுத்து வைத்துக்கொண்டோம். பின்புற ஸ்பிரிங் பட்டையைப் பிரித்தபோது 'எஃப்' பொறித்த போல்ட் ஒன்று கையில் வந்தது. மகிந்திரா வண்டியில் ஃபோர்டு போல்ட்! போரில் ஓடிய ஏதோ ஒரு ஜீப்பின் உறுப்பு, எந்தப் பட்டறையிலோ இதில் வந்து சேர்ந்திருக்கிறது. இடைச்செருகல்தான், ஆயினும் எறிய மனம் வரவில்லை. எங்கிருந்து எடுத்தோமோ அங்கேயே பூட்டினோம்.

தரைத்தகடு முழுதும் துரு. டிங்கர் வேலைக்கு வந்த பெரியவர் தெளிவாகச் சொன்னார்: "பட்டி வச்சு மூடுனா ஆறு மாசம் அழகா இருக்கும் சார். அப்புறம் அடியில இருந்து திங்க ஆரம்பிச்சிரும்." சென்னைத் துறைமுகத்தின் அந்த 155 வண்டிகள் நினைவுக்கு வந்தன. துரு தின்ற பகுதியை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்துப் பற்றவைத்தோம். ஒட்டுத் தெரிகிறது, தெரியட்டும்.

உண்மையான சிக்கல் எஞ்சினில் வந்தது. பெட்ரோல் செலவு தாங்காமல் அப்பா எண்பதுகளின் பிற்பகுதியில் பழைய எஞ்சினை விற்றுவிட்டு டீசல் எஞ்சின் பொருத்தியிருந்தார். 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தத்தின்படி, 50 ஆண்டு கடந்த வண்டிக்குப் பாரம்பரிய வாகனமெனத் தனிப்பதிவு கிடைக்கும். எண்பலகையில் 'விஏ' என்ற எழுத்துகளும் இடம்பெறும். ஆனால் வண்டி முதல் வடிவிலேயே இருக்க வேண்டும். சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் கூடாது. எங்களுள் ஒருவர், பழைய இரும்புக் கடையில் அதே வகைப் பெட்ரோல் எஞ்சின் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். அதைப் பூட்டினால் வண்டி 1963க்குத் திரும்பிவிடும் என்பது அவர் வாதம். அது வேறொரு வண்டியின் எஞ்சின்தானே, அதைப் பூட்டி மூலம் என்று சொல்வது எப்படிப் பொருந்தும் என்பது மற்றவரின் கேள்வி. மூன்று மாதம் வேலை நின்றது.

வழக்கைத் தீர்த்தது அம்மா. கூரைச்சட்டத்தை ஒட்டி உள்ளே ஒரு கம்பி பற்றவைக்கப்பட்டிருக்கும். வளைவுகளில் பெண்கள் பிடித்துக்கொள்ள அப்பா உள்ளூர்ப் பட்டறையில் வைத்த கம்பி அது. முதல் வடிவில் இல்லாததால் அதையும் அறுப்பதாக இருந்தோம். "அந்தக் கம்பிய அறுத்துராதீகடா. எத்தனை பொம்பளைக அதைப் புடிச்சுக்கிட்டு மலை ஏறி எறங்கிருக்காக" என்றார் அம்மா. தொட்டுப் பார்த்தோம். கைபட்டுக் கைபட்டு நடுப்பகுதி மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த எந்த உறுப்பிலும் அவ்வளவு வரலாறு இல்லை.

டீசல் எஞ்சினே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. 'விஏ' எழுத்துகள் கிடைக்கா. அது இழப்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நல்ல பதிப்பாசிரியர் பாடபேதங்களை அழிப்பதில்லை, அடிக்குறிப்பில் காட்டிவைக்கிறார். நாங்கள் ஒரு குறிப்பேட்டில் எது தொழிற்சாலையது, எது அப்பா மாற்றியது, எது எங்கள் கைவேலை என்று தனித்தனியே எழுதி, வண்டியிலேயே வைத்துவிட்டோம்.

சென்ற தை மாதத்தில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வரை போய்வந்தோம். முதல் வளைவு வந்ததும் அம்மாவின் கை தானாக அந்தக் கம்பிக்குப் போயிற்று.