ஹெயிற்றிப் பூமியதிர்ச்சியும் தொலைபேசிப் பதிவுகள் வரைந்த தேசப்படமும்

பேரழிவொன்று நிகழ்ந்தவுடன் மாண்டவர் எத்தனை பேர் என்ற வினாவே முதலில் எழுகின்றது. உயிர் தப்பியோர் எங்கே சென்றனர் என்பது அதற்குப் பின்னரே கேட்கப்படும் வினா. விடை காண்பதற்கு அதனினும் அரியது. தெருவோரத்தில் நின்று கடந்து செல்வோரை எண்ணுதல், முகாம்களிற் பெயர் பதிதல், வானிலிருந்து எடுத்த படங்களிற் கூடாரங்களைக் கணக்கிடுதல் ஆகியனவே நெடுங்காலம் கையாளப்பட்ட முறைகளாகும். உறவினர் வீட்டுக் கூரையின் கீழ் ஒதுங்கியோரை இவற்றால் எளிதில் அறிய முடிவதில்லை. இக்குறையைக் கையடக்கத் தொலைபேசிப் பதிவுகளைக் கொண்டு நிரப்ப முற்பட்ட முன்னோடி முயற்சிகளுள் ஒன்று ஹெயிற்றி நாட்டில் நிகழ்ந்தது.

2010 ஜனவரி 12 ஆம் திகதி மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னர், தலைநகர் போட்டோபிரின்ஸுக்கு மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவில் 7.0 அளவான பூமியதிர்ச்சி ஏற்பட்டது. இறந்தோர் தொகை பற்றி இன்றும் உடன்பாடில்லை. அரசாங்கம் மூன்று இலட்சத்துக்கும் மேல் என்றது, வேறு மதிப்பீடுகள் அதனிலும் மிகக் குறைந்தவை. தப்பியோர் பலர் தலைநகரை விட்டு வெளியேறினர். எத்திசையில், எத்தனை பேர் என்பது நிவாரணம் வழங்கியோருக்குத் தெளிவாகவில்லை.

ஒருவர் அழைப்பு எடுக்குந்தோறும் அது எந்தக் கோபுரத்தின் வழியாக, எந்நேரத்திற் சென்றது என்ற குறிப்பு, கட்டணம் அறவிடும் பொருட்டுக் கம்பனியிற் பதியப்படுகின்றது. பேசிய பொருள் அதிலில்லை. புவியியல் மாணவர் மழைவீழ்ச்சி நிலையங்களைச் சூழ வரையும் தீசன் பல்கோணிகளைக் கோபுரங்களைச் சூழவும் வரையலாம். அவ்வாறு வரைந்தால் ஒவ்வொரு அழைப்பும் ஒரு நிலத்துண்டுக்கு உரியதாகிவிடும். ஒரு சிம் அட்டை முன்பு எங்கே இருந்தது, பின்பு எங்கே இருக்கின்றது என்பதை அம்புக்குறியாக இட்டு, இலட்சக்கணக்கான அம்புகளை ஒன்றுசேர்த்தால் இடப்பெயர்வின் தேசப்படம் உருவாகும். சுவீடன் நாட்டுக் கரொலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த லினஸ் பெங்ற்சன் முதலியோர், கொலம்பியா பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, டிஜிசெல் கம்பனியின் பதிவுகளைக் கொண்டு இதனையே செய்தனர். அதிர்ச்சிக்கு 42 நாட்கள் முன்னரிருந்து 158 நாட்கள் பின்னர் வரை 19 இலட்சம் சிம் அட்டைகளின் அசைவுகள் பெயர் நீக்கி ஆராயப்பட்டன. அதிர்ச்சி நாளிலே தலைநகரிலிருந்தோருள் ஏறத்தாழ 6,30,000 பேர் 19 நாட்களுக்குள் அதனை விட்டு நீங்கினர் என்பது 2011 இல் வெளியான அவர்களது கணிப்பு. பின்னர் ஐக்கிய நாடுகள் சபை நடத்திய குடித்தன ஆய்வும், இடம்பெயர்ந்தோர் மாகாணங்களிற் பரந்த விதத்தைப் பொறுத்தவரை, இக்கணிப்புடன் பெரிதும் ஒத்திருந்தது.

ஆயினும் எண்ணிக்கையினும் சிறப்புடையது 2012 இல் அதே ஆய்வாளர் சிலர் வெளியிட்ட மற்றொரு முடிபாகும். பெருங்குழப்பத்தில் மக்கள் திக்கின்றிச் சிதறுவர் என்பது பொதுவான எண்ணம். பதிவுகளோ இதற்கு மாறாயிருந்தன. ஒருவர் செல்லுமிடத்தை முன்கூட்டிக் கணிக்கும் வாய்ப்பு அதிர்ச்சிக்குப் பின் குறையவில்லை, சற்றே கூடியிருந்தது. 2009 நத்தார், புதுவருட நாட்களை எவ்வூரிற் கழித்தனரோ அவ்வூருக்கே பலர் சென்றிருந்தனர். பண்டிகைக்குப் போன வீடே புகலிடமாயிற்று.

இதனை ஆய்வாளர் சமூகப் பிணைப்பு என்றனர். வரலாற்று மாணவன் இன்னும் ஒருபடி பின்னே செல்லல் வேண்டும். 1950 இல் போட்டோபிரின்ஸ் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பேர் வாழ்ந்த நகரம். 2010 இல் அந்நகர்ப்புறத்து மக்கள்தொகை இருபது இலட்சத்தைத் தாண்டியிருந்தது. டுவாலியர் ஆட்சிக்காலத்துத் தொழிற்சாலைகள் கூலியாட்களை நகருக்கு இழுத்தன. 1980களின் தொடக்கத்திற் பன்றிக் காய்ச்சலைத் தடுக்கவென நாட்டுப் பன்றிகள் அனைத்தும் கொல்லப்பட்டன. ஏழை விவசாயியின் சேமிப்பு அதுவே. 1995 இல் அரிசி இறக்குமதித் தீர்வை 3 சதவீதமாகக் குறைக்கப்பட, ஆட்டிபொனீட் பள்ளத்தாக்கின் நெற்செய்கையாளர் விலையில் தோற்றனர். இவ்வாறு ஊரை விட்டு வந்தோரும் அவர்தம் மக்களுமே நகரின் சரிவுகளில் நெருக்கமாக வீடு கட்டினர். எனவே, 2010 ஜனவரியில் நகரிலிருந்து வெளியே பாய்ந்த அம்புகளை, பல பத்தாண்டுகளாக நகரை நோக்கிப் பாய்ந்த அம்புகளின் மறுதலையாகக் கொள்வது பொருந்தும். மீளெழும் ஆற்றல் எனப் பின்னர் புகழப்பட்டதன் பெரும்பங்கு, வறுமையால் வெளியேறியோர் ஊருடன் அறுத்துக்கொள்ளாத உறவேயாகும். அவ்வுறவின் செலவைத் தாங்கிய வீடுகளும் வறிய வீடுகளே என்பதைத் தேசப்படம் காட்டாது.

அது காட்டாதவை வேறும் உள. அதிர்ச்சிக்கு முன்னரும் ஆய்வின் இறுதி மாதத்திலும் வழக்கிலிருந்த அட்டைகளே கணக்கிற் கொள்ளப்பட்டன. நிவாரணப் பணியாளராய் வந்த அந்நியரை விலக்க இது தேவையான விதியே. எனினும் மாண்டோரின் அட்டைகளும் அதனால் விலகின. தொலைபேசி இல்லாத சிறாரும் முதியோரும் விகிதக் கணக்கால் மட்டுமே இடம்பெற்றனர்.

அதே ஆண்டு ஒக்ரோபரில் ஆட்டிபொனீட் ஆற்றோரம் கொலரா பரவியபோது இம்முறை உடனடிப் பயனுக்கு வந்தது. முதலாவது ஆய்வு நிகழ்ந்து முடிந்ததைப் பின்னோக்கிக் கணித்தது. இம்முறையோ தரவு கிடைத்த 12 மணித்தியாலத்துள் அறிக்கை அனுப்பப்பட்டது. நோயுற்ற பகுதியிலிருந்து மக்கள் எங்கே செல்கின்றனர் என்பதை அது காட்டிற்று. நோய் எங்கிருந்து வந்தது என்பதை அதனாற் காட்ட இயலவில்லை. பிரெஞ்சு மருத்துவர் றெனோ பியாறூ நேரிற் சென்று ஊர்களையும் நோயாளர் பதிவுகளையும் ஆராய்ந்தே, ஐக்கிய நாடுகள் அமைதிப்படை முகாமொன்றின் கழிவு ஆற்றிற் கலந்ததே காரணம் என்று சுட்டினார். தன் பங்கை அச்சபை ஏற்றுக்கொள்ள 2016 ஆம் ஆண்டு வரை சென்றது. 1854 இல் இலண்டன் புரோட் வீதித் தண்ணீர்ப்பம்பைச் சுட்டிய யோன் சினோவும் வீடு வீடாக நடந்தவரே.

நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 இல் பூமி அதிர்ந்தபோது இதே ஆய்வாளரின் புளோமைண்டர் நிறுவனம் என்செல் கம்பனியின் 1 கோடியே 20 இலட்சம் அட்டைகளின் பதிவுகளைப் பயன்படுத்தியது. வழமைக்கு மேலாக 3,90,000 பேர் காத்மண்டுப் பள்ளத்தாக்கை விட்டு நீங்கினர் என்ற கணிப்பு சில வாரங்களுள் நிவாரண நிறுவனங்களைச் சென்றடைந்தது. இவ்வேகம் கருவியால் மட்டும் வந்ததன்று. அதிர்ச்சிக்கு முன்னரே கம்பனியுடன் இதற்கான ஏற்பாடு தொடங்கப்பட்டிருந்தது. பெயர் நீக்கிய பதிவிலிருந்தும், நாலைந்து இடங்களும் நேரங்களும் தெரிந்தாற் பெரும்பாலும் ஆளை இனங்காணலாம் என்பது 2013 இல் வெளியான வேறோர் ஆய்வின் முடிபு. ஆதலின், அழிவு நேர்ந்த பின் அவசரத்தில் எழுதப்படும் உடன்படிக்கையில் எவருடைய பாதுகாப்பு முதலில் விடுபடும் என்ற வினாவை, கம்பனியிடமும் அரசிடமும், அமைதியான காலத்திலேயே கேட்டாக வேண்டியுள்ளது.