குழலும் முத்திரையும்: இங்கிலாந்தின் துப்பாக்கிக் குழல் சோதனைச் சட்டங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பொன்னின் மாற்றை உரைகல்லில் தேய்த்து அறியலாம். அதனால் பொன்னுக்குக் கேடு நேர்வதில்லை. துப்பாக்கிக் குழலின் உறுதியை அவ்வாறு அறிய இயலாது. நாளைய பயன்பாட்டில் அது தாங்கவேண்டிய விசையினும் மிகுந்த விசையை இன்றே அதனுள் செலுத்திப் பார்ப்பதொன்றே வழியாகும். தாங்கினால் நல்ல குழல். தாங்காவிடின் வெடித்துச் சிதறும். இச்சிதறல் சோதனைக் கூடத்தின் சுவருக்குள் நிகழ்வதா, துப்பாக்கியை ஏந்தியவனின் இடக்கையிலும் முகத்தருகிலும் நிகழ்வதா என்பதே இச்சட்டங்களின் அடிப்படை வினா ஆகும். அச்சிதறல் எவருடைய கையில் நிகழக்கூடாது என்று சட்டம் கருதியது, எவருடைய கையைக் கருதாமல் விட்டது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. அச்சுத் தொழிலில் நாம் 'மெய்ப்பு' என வழங்குவதற்கும் இச்சோதனைக்கும் ஆங்கிலத்தில் சொல் ஒன்றே. மெய்ப்பித்தல் என்னும் பொருள் இரண்டிற்கும் பொதுவாயினும், 'மெய்ப்பு' என்றால் தமிழில் அச்சுத்தாளே நினைவுக்கு வரும். ஆதலின் இங்குத் 'தாங்குதிறன் சோதனை' என்றும், அது நிகழும் இடத்தைச் 'சோதனைச் சாலை' என்றும் குறிப்பிடுகிறோம்.

சோதனையின் இயல்பு

பழைய குழல்கள் ஒரே இரும்புத் துண்டைத் துளைத்துச் செய்யப்பட்டவை அல்ல. இரும்புப் பட்டையைக் காய்ச்சி, ஒரு கம்பியின்மேல் நீளவாக்கில் மடித்தோ கயிறு சுற்றுவது போலத் திருகிச் சுற்றியோ, விளிம்புகளைச் சம்மட்டியால் அடித்து ஒட்டவைப்பர். பின்னரே உட்புறம் கடைந்து மெருகேற்றுவர். ஒட்டில் ஓரிடத்தில் கசடு தங்கினாலும் அங்கே குழல் வலுவிழக்கும். மெருகேறிய பின் அக்குறை கண்ணுக்குப் புலனாகாது. கொல்லன் அறியாமலே நேரக்கூடிய குறையாதலால் அவன் நேர்மை மட்டும் போதிய உறுதியாகாது.

சோதனைச் சாலையில் குழல்களை வரிசையாகக் கிடத்தி, வழக்கமான அளவினும் மிகுதியாக வெடிமருந்தும் ஈயமும் இட்டு, கதவை அடைத்துவிட்டு, வெளியிலிருந்து மருந்துக்கோட்டில் தீயிடுவர். தடித்த சுவர்களும் மணல்மேடும் தெறிப்பவற்றைத் தாங்கிக்கொள்ளும். புகை அடங்கியபின் ஒவ்வொரு குழலையும் எடுத்து வீக்கமோ வெடிப்போ உளதா எனக் கண்ணால் ஆராய்வர். இப்பார்வையிடுதலுக்குத் தனி முத்திரை உண்டு. இலண்டனில் முடியின்கீழ் ஓர் எழுத்துப் பார்வையையும், முடியின்கீழ்ப் பின்னிய இரண்டு எழுத்துகள் சோதனையையும் குறித்தன. பின்னாளில் சோதனை இருமுறையாக வகுக்கப்பட்டது: கடைசல் நிறைவுறாத குழலுக்கு முதற்சோதனை; முழுத் துப்பாக்கியாகும் நிலையில் இறுதிச் சோதனை. குறையுள்ள குழலின்மேல் மேலும் உழைப்பு வீணாகாமல் தடுத்ததால் முதற்சோதனை உற்பத்தியாளனுக்கே பெரிதும் உதவியது.

குழலின் அளவைக் குறிக்கும் முறையும் சுவையானது. ஓர் இராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்று பொருந்தும் குழல் 'பன்னிரண்டு' எனப்படும்; அதன் விட்டம் 0.729 அங்குலம். எண் கூடக் குழல் சிறுக்கும். சோதனைக்குரிய மருந்தின் நிறையும் இவ்வெண்ணைக் கொண்டே அட்டவணைப்படுத்தப்பட்டது.

இலண்டன்: கழகத்தின் உரிமை

1637ஆம் ஆண்டு முதலாம் சார்லசு மன்னன் இலண்டன் துப்பாக்கித் தொழிலாளர் கழகத்திற்கு உரிமைப் பட்டயம் வழங்கினான். கைதேராத கொல்லர் முதலானோர் துப்பாக்கி செய்வதும் சோதிப்பதுமாகத் தீங்கு விளைக்கின்றனர் என்பது பட்டயத்தில் காட்டப்பட்ட காரணம். இலண்டன் நகரிலும் அதனைச் சூழ்ந்த பத்து மைல் எல்லையிலும் கைத்துப்பாக்கிகளைத் தேடிச் சோதித்து முத்திரையிடும் அதிகாரம் கழகத்திற்குக் கிடைத்தது. அதுவரை இத்தொழிலில் ஈடுபட்டிருந்த கவசம் செய்வோரும் கருங்கொல்லரும் கடுமையாக எதிர்த்தனர். நகர ஆட்சி இப்பட்டயத்தைப் பதிவு செய்தது 1656இல்தான். பொதுமக்கள் பாதுகாப்பு என்னும் காரணமும் போட்டியாளரை விலக்கும் நோக்கமும் இப்பட்டயத்தில் பிரிக்கவொண்ணாதபடி கலந்துள்ளன. ஒன்றை மெய்யென்றும் மற்றதை வேடமென்றும் கொள்வது பொருந்தாது. சோதனைக்கு ஆகும் செலவை ஏற்க ஒருவர் முன்வர வேண்டுமாயின் அவருக்கு அதனால் ஓர் ஊதியம் இருந்தாக வேண்டும்.

கழகத்தின் முத்திரை இந்தியாவிற்கும் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகளுக்கென இலண்டனில் செய்வித்த துப்பாக்கிகள் பலவற்றின் குழல்களில் இம்முத்திரைகளைக் காணலாம். அவற்றோடு கம்பெனியின் வணிகச் சின்னமும் இருக்கும். 1808 முதல் அச்சின்னத்தின் இடத்தைப் பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் சிங்கம் பெற்றது. ஒன்று உடைமையையும் மற்றது உறுதியையும் உரைப்பது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் எல்லாவற்றையும் 'கம்பெனி முத்திரை' என எழுதிவிடும் வழக்கம் திருத்தத்தக்கது.

பர்மிங்காம்: ஆப்பிரிக்காவிற்குச் சென்ற குழல்கள்

பத்து மைல் எல்லைக்கு வெளியே, நாட்டின் நடுப்பகுதியில், பர்மிங்காம் நகரம் துப்பாக்கித் தொழிலின் பெருநிலையமாக வளர்ந்தது. அங்கு இலண்டன் கழகத்தின் ஆணை செல்லாது. அரசுப் படைக்கு வாங்கும் துப்பாக்கிகளைப் படைக்கல வாரியம் தானே சோதித்தது. பெரிய உற்பத்தியாளர் சிலர் சொந்தச் சோதனைச் சாலை வைத்திருந்தனர். ஏனையவற்றைச் சோதித்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இந்த இடைவெளியில்தான் ஆப்பிரிக்க வணிகம் நிகழ்ந்தது. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் அடிமைகளைப் பெறுவதற்குக் கொடுத்த பண்டங்களுள் துப்பாக்கி முதன்மையான ஒன்றாகும். ஷெல்பர்ன் பிரபு 1766இல் பர்மிங்காம் சென்றபோது எழுதிய குறிப்பு பலராலும் எடுத்தாளப்படுகிறது. ஆண்டுதோறும் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட துப்பாக்கிகள் அங்கிருந்து ஆப்பிரிக்காவிற்குச் செல்கின்றன. சில ஐந்து சில்லிங் ஆறு பென்சு விலைக்கே விற்கின்றன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை முதன்முதல் சுடுபவனின் கையிலேயே வெடித்துவிடும் என்பது அவர் கூற்றின் சாரம்.

இக்கூற்றை அப்படியே ஏற்பதில் தடை உண்டு. 1977இல் வெளிவந்த ஆய்வில் இனிகோரி, 1750க்கும் 1807க்கும் இடையே மேற்கு ஆப்பிரிக்கா இறக்குமதி செய்த துப்பாக்கிகள் ஆண்டுக்கு 2,83,000 முதல் 3,94,000 வரை இருக்கலாம் என மதிப்பிட்டார். இம்மதிப்பீடு விவாதத்திற்கு உரியதே. எனினும், பாதிக்கு மேல் வெடிக்கும் பண்டத்தை ஒரு மக்கள் பல தலைமுறை தொடர்ந்து விரும்பி வாங்கினர் என்று கொள்வது அவர்களை அறிவிலிகளாகக் கருதுவதாகும். ஷெல்பர்ன் பெருந்தொகை கூறியது நகரத்தில் கேட்ட பேச்சாகவே இருத்தல் கூடும். ஆயினும் மலிந்த இரும்பில் செய்த சோதிக்கப்படாத குழல்கள் சென்றன என்பதில் ஐயமில்லை. எத்தனை பேர் விரல் இழந்தனர், கண் இழந்தனர் என்று எண்ணி வைக்கும் ஏடு எதுவும் இல்லாமற் போனதே அவ்வணிகத்தின் இயல்பு. துப்பாக்கி வணிகம் செய்ததற்காகவே சாமுவேல் கால்டன் என்னும் பர்மிங்காம் உற்பத்தியாளரைக் குவேக்கர் சமயக் குழு 1796இல் விலக்கியது. அக்குழு வினவியது போர்க்கருவி செய்யலாமா என்பதை. குழல் தாங்குமா என்பதை அன்று.

1813ஆம் ஆண்டுச் சட்டம்

1813இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் பர்மிங்காமில் பொதுச் சோதனைச் சாலை நிறுவப்பட்டது. இதனை வேண்டியோரும் அதன் செலவை ஏற்றோரும் அந்நகரத் துப்பாக்கித் தொழிலாளரே. நெப்போலியப் போர்க்காலம் அது: 1804 முதல் 1815 வரை அந்நகரம் அரசுக்கு அளித்த முழுத் துப்பாக்கிகள் 17 இலட்சத்திற்கு மேல்; தனிக் குழல்கள் 30 இலட்சத்திற்கு மேல். இதே நகரம் 1773இல் மாத்தியூ போல்ட்டனின் முயற்சியால் வெள்ளிக்கு மாற்றுக் காணும் நிலையத்தையும் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாகவே பெற்றிருந்தது. இலண்டன் கழகங்களின் நிழலில் நில்லாமல் தனக்கென முத்திரை வேண்டும் என்னும் ஒரே வேட்கையின் இரண்டு வெளிப்பாடுகளாக இவற்றைக் கருதலாம்.

சோதிக்கப்படாத குழலைக் கொண்டு துப்பாக்கி செய்து விற்பது இப்போது குற்றமாயிற்று. ஒரு நகரக் கழகத்தின் தனியுரிமையாக இருந்தது இங்கிலாந்து முழுமைக்குமான கடமையாக மாறியது. 1815இல் திருத்தமும், 1855இல் புதிய சட்டமும், 1868இல் இன்றுவரை அடிப்படையாக விளங்கும் துப்பாக்கிக் குழல் சோதனைச் சட்டமும் தொடர்ந்தன. 1950, 1978ஆம் ஆண்டுச் சட்டங்கள் இதனோடு சேர்த்துப் படிக்கப்பட வேண்டியவை. ஆப்பிரிக்க அடிமை வணிகத்தைப் பிரித்தானியா தடை செய்தது 1807இல் என்பதையும் இங்கு நினைவு கொள்ள வேண்டும். சட்டம் வந்தபோது ஷெல்பர்ன் குறிப்பிட்ட கைகளுக்கான காலம் கடந்துவிட்டது.

1868ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு கூறுகள் ஆய்வுக்குரியன. முதலாவது, சட்டம் தண்டிப்பது வெடித்த குழலை அன்று, விற்பனையை. சோதிக்கப்படாத குழலை விற்றல், மாற்றுதல், ஏற்றுமதி செய்தல், விற்பனைக்கு வைத்திருத்தல் ஆகியவை குற்றங்கள். எவருக்கும் காயம் நேர்ந்ததாக மெய்ப்பிக்கத் தேவையில்லை. ஒருவர் தம் வீட்டில் பழைய துப்பாக்கியை வைத்திருப்பதையும் இச்சட்டம் தீண்டுவதில்லை. தீங்கு நேர்ந்தபின் இழப்பீடு தேடும் முறைக்கு மாறாகக் கைமாறும் இடத்திலேயே தடுக்கும் முறை இது. ஐக்கிய அமெரிக்க நாடுகளில் இத்தகைய கட்டாயச் சட்டம் எழவில்லை. அங்கு 1926இல் தோன்றிய உற்பத்தியாளர் நிறுவனத்தின் தன்விருப்பத் தரங்களும், இழப்பீட்டு வழக்குக்கு அஞ்சும் அச்சமுமே இப்பணியைச் செய்கின்றன.

இரண்டாவது கூறு நுட்பமானது. முத்திரை பெற்ற குழலைப் பின்னர்க் கடைந்து அகலப்படுத்தினாலோ வேறு வகையில் மெலியச் செய்தாலோ, முத்திரை அதன்மேல் தெளிவாக இருந்தாலும் அது சோதிக்கப்படாத குழலாகவே கருதப்படும். பின்னாளைய விதிகளில் ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு அகற்சியே இதற்குப் போதுமானதாயிற்று. துருவைத் தேய்த்து நீக்கும் பழுதுபார்ப்பே குழலைச் சட்டத்தின் கண்ணில் தகுதியற்றதாக்கிவிடும். கண்முன் இருக்கும் எழுத்தைச் சட்டம் இல்லாத எழுத்தாகப் படிக்கும் அரிய இடம் இது.

மருந்து மாறியபோது

குழலில் மாற்றமே இல்லாமலும் முத்திரை பொருளிழக்கலாம் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி காட்டியது. 1864 அளவில் பிரசிய நாட்டு அதிகாரி சுல்ட்சே மரத்திலிருந்து புதுவகை மருந்து செய்தார். 1884இல் பிரான்சில் வியேய் புகையற்ற மருந்தைக் கண்டார். பழைய கரிய மருந்தின் நிறையைக் கொண்டு வகுத்த அட்டவணைகள் இவற்றுக்குப் பொருந்தவில்லை. ஒரே நிறையில் புதிய மருந்து மிகுந்த அழுத்தத்தை உண்டாக்கியது. 1896ஆம் ஆண்டு விதிகளில் புகையற்ற மருந்துக்கெனத் தனிச் சோதனை இடம்பெற்றது. 1904இல் அதற்குத் தனி முத்திரையும் வந்தது. குழலின் உறுதி என்பது குழலுக்கு மட்டும் உரிய பண்பன்று, குழலுக்கும் மருந்துக்கும் இடையேயான உறவு என்பது இவ்வாறு விதியில் ஏறியது. கரிய மருந்துக்கு முத்திரை பெற்ற பாட்டன் காலத்துத் துப்பாக்கியில் இன்றைய தோட்டாவை இடுபவர், முத்திரையை நம்பியே ஏமாறுகிறார்.

செப்பு உருளை எவ்வளவு நசுங்குகிறது என்று அளந்து அழுத்தத்தைக் கணக்கிடும் முறை பரவியதும், நிறையின் இடத்தை அழுத்தம் பெற்றது. பெல்ஜியத்தின் லியேசு நகரம் 1672இலேயே சோதனை ஆணை கண்ட ஊர். 1810இல் நெப்போலியன் ஆணையால் அது கட்டாயமாயிற்று. அந்நகரச் சோதனைச் சாலையின் முயற்சியால் 1914இல் நாடுகளுக்கிடையேயான நிலைக்குழு தோன்றியது. 1969இல் பிரசல்சு உடன்படிக்கை உருவாகி, 1980இல் பிரித்தானியாவும் அதில் இணைந்தது. அதன்படி நீள்துப்பாக்கிகள் வரையறுத்த உயர் அழுத்தத்தினும் நூற்றுக்கு 25 பங்கும், கைத்துப்பாக்கிகள் 30 பங்கும் மிகுதியாகத் தாங்க வேண்டும். உறுப்பு நாடு ஒன்றின் முத்திரையைப் பிற நாடுகள் ஏற்கும்.

இந்தியச் சட்டத்தில் இரு சொற்கள்

1878ஆம் ஆண்டு இந்தியப் படைக்கலச் சட்டம் எவர் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதிலேயே கருத்தூன்றியது; அதன் அரசியல் நாம் அறிந்ததே. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் செய்யக்கூடாத செயல்களை வரிசைப்படுத்துகிறது. செய்தல், விற்றல், பழுதுபார்த்தல் ஆகியவற்றோடு சோதித்தல், தாங்குதிறனை மெய்ப்பித்தல் என்னும் இரண்டும் அங்கே நிற்கின்றன. பர்மிங்காம் சட்டத்தில் விற்பவன் வாங்குபவனுக்குச் செலுத்த வேண்டிய கடனாக இருந்த சொல், இப்பிரிவில் அரசின் அனுமதி வேண்டும் செயலாக உருமாறியுள்ளது. 8ஆம் பிரிவு, செய்தவர் பெயரோ எண்ணோ வேறு அடையாளக் குறியோ இல்லாத துப்பாக்கியை விற்பதைத் தடை செய்கிறது. அக்குறி இது எவருடையது, எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்கு விடை கூறும். கன்னத்தருகே வைத்துச் சுடுபவர் கேட்கும் வினா வேறு.