மூவலூர் ராமாமிர்தம் அம்மையார்

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் (1883 – 27 ஜூன் 1962) தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட சமூகச் சீர்திருத்தவாதி. சுயமரியாதை இயக்கப் பேச்சாளர். 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்றவர். 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' (1936) என்ற நாவலை எழுதியவர். தமிழ்நாட்டில் இவர் பெயர் தெரியாதவர்கள் குறைவு. அரசு உதவித் திட்டம் ஒன்று இவர் பெயரில் நடந்துவருவதே அதற்குக் காரணம். பெயர் தெரிந்த அளவுக்கு ஆளைத் தெரியாது, நாவலை அதைவிடத் தெரியாது. இவரைப் பற்றிய நூல்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவையே.

பிறப்பும் வளர்ப்பும்

ராமாமிர்தம் பிறந்தது திருவாரூரில். வளர்ந்த ஊரான மூவலூர் மயிலாடுதுறையை ஒட்டிய சிற்றூர். வழித்துணைநாதர் கோயிலால் அறியப்படுவது. இசை வேளாளர் மரபைச் சேர்ந்த இவரது பெற்றோர் வறுமைக்கு ஆளானபோது, சிறுமியாக இருந்த இவர் மூவலூரில் தாசி குலப் பெண்மணி ஒருவரிடம் கொடுக்கப்பட்டார். பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும் அதற்கு ஈடாகப் பெறப்பட்டன என்பது இவர் வரலாற்றை எழுதியவர்கள் எல்லோரும் சொல்லும் செய்தி.

அன்றைய நிலையில் இது அரிதான ஏற்பாடு அல்ல. தேவதாசியாகக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணுக்குக் கணவன் கிடையாது. ஆனால் சொத்து உண்டு, மானிய நிலத்தில் பங்கு உண்டு, கோயிலில் முறை உண்டு. அந்த உரிமைகள் பெண்வழியாகவே இறங்கின. பெண் குழந்தை இல்லாத தாசி, ஒரு சிறுமியைச் சுவீகாரம் எடுத்துப் பாட்டும் ஆட்டமும் கற்பித்துப் பொட்டுக்கட்டி வைத்தால்தான் முதுமையில் சோறு நிச்சயம். மற்றக் குடும்பங்களில் மகன் இருந்த இடத்தில் இங்கே மகள் இருந்தாள். அந்த மகளின் சம்பாத்தியத்தில்தான் தாய்க்கிழவி, அண்ணன் தம்பிகள், நட்டுவனார் என்று ஒரு வீடே நின்றது. பின்னாளில் ராமாமிர்தம் கோயிலைக் காட்டிலும் இந்த வீட்டைத்தான் கடுமையாகத் தாக்கினார். உள்ளே வளர்ந்தவர் என்பதால் எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வளர்ப்புத் தாய் வகுத்த வழியில் செல்ல மறுத்துத் தமக்கு இசை கற்பித்த சுயம்புப் பிள்ளையை மணந்துகொண்டார். தாசி வீட்டுப் பெண் ஒருவனுக்கு மனைவியாவதை ஊரும் ஏற்கவில்லை, உறவும் ஏற்கவில்லை. அவரது பொதுவாழ்வின் தொடக்கமாக இந்த மணத்தையே கொள்ளலாம்.

காங்கிரசும் சுயமரியாதையும்

முதலில் காங்கிரசில் கதர்த் தொண்டராக இருந்தார். 1923 காக்கிநாடா மாநாட்டில் கொடி பிடிக்கத் தடை இருந்ததால், கொடிகளையே சேலையாகத் தைத்து உடுத்திச் சென்றார் என்று கூறுவர். 1925-ல் மயிலாடுதுறையில் இசை வேளாளர் மாநாடு கூடியதில் இவர் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. தம் சாதியாரின் மாநாட்டிலேயே, தம் சாதியாரின் பிழைப்பாக இருந்த பொட்டுக்கட்டும் வழக்கத்தை விடச் சொல்லிப் பேசுவது எளிதல்ல. அதே ஆண்டு நவம்பரில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேற, ராமாமிர்தமும் அவருடன் வெளியேறினார்.

அதன்பின் சுயமரியாதை இயக்கத்துக்காக ஊர் ஊராகச் சென்று பேசினார். மேடையோடு நிற்காமல், பொட்டுக்கட்டப்பட இருந்த பெண்களின் வீடுகளுக்கே போய்ப் பேசி மணம் முடித்து வைப்பதையும் வேலையாகக் கொண்டார். தேவதாசி ஒழிப்பு என்றதும் நினைவுக்கு வரும் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்துக்குள் செய்ததை, இவர் தெருவில் செய்தார் எனலாம். மருத்துவப் பட்டமும் சட்டமன்றப் பதிவுகளும் முத்துலட்சுமிக்கு வரலாற்றில் உரிய இடத்தைத் தேடித் தந்தன. திண்ணையில் உட்கார்ந்து ஒரு தாய்க்கிழவியிடம் வாதாடியதற்குப் பதிவேடு ஏது?

'மதிபெற்ற மைனர்'

'தாசிகள் மோசவலை' வெளியான 1936-ஐச் சற்று நின்று பார்க்க வேண்டும். தமிழில் 'மணிக்கொடி' இதழ் வந்துகொண்டிருந்த காலம் அது. 1935 டிசம்பரில் ருக்மிணி தேவி அடையாறு பிரம்மஞான சபையில் மேடையேறி ஆடியிருந்தார். 1936 ஜனவரியில் அவரது நடனப் பள்ளியான கலாக்ஷேத்திரம் தொடங்கப்பட்டது. தாசிகளின் சதிர் ஆட்டம் பரதநாட்டியம் என்ற புதுப் பெயரோடும் புது மரியாதையோடும் சபாக்களுக்குப் போய்க்கொண்டிருந்த அதே வேளையில், அந்தக் கலை பிறந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை அந்த வீட்டிலிருந்தே வந்த ஒருத்தி ஐம்பத்து மூன்றாம் வயதில் எழுதி அச்சேற்றினார்.

கதை இரண்டு தாசிச் சகோதரிகளையும், அவர்களை ஆட்டுவிக்கும் தாயையும், வலையில் விழும் சோமசேகரன் என்ற மைனரையும் சுற்றி நடக்கிறது. மைனர் என்றால் வயதில் சிறியவன் என்று பொருள்கொள்ள வேண்டாம். தஞ்சைப் பகுதியில் அது பரம்பரை நிலத்தைத் தாசி வீட்டிலும் சீட்டாட்டத்திலும் கரைக்கும் மிராசுதார் வீட்டுப் பிள்ளைக்கு வழங்கிய பட்டம். நாவலின் பலம் அதன் நுணுக்கத்தில் இருக்கிறது. எந்த நேரத்தில் நோய் வந்ததாகப் படுத்துக்கொள்ள வேண்டும், நகைப் பேச்சை எப்போது எடுக்க வேண்டும், ஒருவன் கையிருப்பு வற்றியதும் அவனை எப்படிப் படியிறக்க வேண்டும் என்று தாய் மகள்களுக்குப் பாடம் நடத்துகிறாள். தரகர்களும் வீட்டு வேலைக்காரர்களும் அந்தத் தொழிலில் தத்தம் பங்கைப் பெறுகிறார்கள். கணவனை இழந்துகொண்டிருக்கும் மனைவியின் வீடும் கூடவே காட்டப்படுகிறது. இதில் கற்பனை குறைவு, கண்டது அதிகம் என்பதை எந்த வாசகரும் உணர்வார்.

குறைகளும் வெளிப்படையானவை. பிற்பகுதியில் கதை மெலிந்து, பாத்திரங்கள் ஆளுக்கொரு சொற்பொழிவாற்றத் தொடங்குகிறார்கள். ஒரு கட்டத்தில் நாவலே சீர்திருத்த மாநாட்டு மேடையாகிவிடுகிறது. இதை வைத்துத்தான் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இதைப் பிரச்சாரம் என்று ஒதுக்கினார்கள். ஆனால் அதே காலத்தில் ஆண்கள் எழுதிய சீர்திருத்த நாவல்களிலும் சொற்பொழிவுக்குக் குறைவில்லை. அவை வரலாற்றில் ஏறியபோது இதற்கு மட்டும் கதவு மூடியது, நடை சரியில்லை என்பதால் மட்டும் அல்ல என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு குறை கனமானது. நாவல் தாசிகளை ஏமாற்றுக்காரிகளாகக் காட்டும் அளவுக்கு, அவர்களை அந்த இடத்தில் நிறுத்தியவர்களைக் காட்டவில்லை என்று பெண்ணிய ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. தலைப்பே அதற்குச் சாட்சி: வலை விரிப்பவள் தாசி, மதி பெறுபவன் மைனர். எனினும் தாசியாகப் பிறப்பவள் தன் விருப்பத்தால் அப்படி ஆவதில்லை என்ற வாதமும், தாசிப் பெண்களே முன்வந்து அந்த முறையை உடைக்க வேண்டும் என்ற அழைப்பும் நாவலுக்குள் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துப் படிப்பதே நியாயம்.

இவரது 'தமயந்தி' என்ற தொடர் 1945-ல் அண்ணாவின் 'திராவிட நாடு' இதழில் வந்தது.

சட்டமும் எதிர்ப்பும்

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929-ல் வந்த சட்டத் திருத்தம், கோயில் பணியைச் செய்தால்தான் மானிய நிலம் என்ற கட்டிலிருந்து தாசிகளை விடுவித்தது. பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை அவர் 1930-ல் கொண்டுவந்தார். சட்டமாக 17 ஆண்டுகள் ஆயின. சென்னை மாகாணத் தேவதாசிகள் (பொட்டுக்கட்டுதல் தடுப்பு) சட்டம் 1947-ல் நிறைவேறியது. பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணுக்குச் சட்டப்படி மணம் செய்துகொள்ளும் உரிமையை அது உறுதிசெய்தது. சட்டமன்றத்துக்கு வெளியே அந்த 17 ஆண்டுகளும் ராமாமிர்தம் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

எதிர்த்தவர்கள் சனாதனிகள் மட்டுமல்லர். பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட சென்னைத் தாசிகள் 1927-லேயே சங்கம் அமைத்து அரசுக்கு மனுக் கொடுத்தனர். கலையால் வாழும் எங்களை விலைமகளிரோடு சேர்த்து எண்ணுவதேன், சீர்திருத்தம் வேண்டுமானால் கல்வி கொடுங்கள் என்பது அவர்கள் கட்சி. நாகரத்தினம்மாள் முத்துப்பழனியின் 'ராதிகா சாந்தவனம்' என்ற தெலுங்குக் காவியத்தைப் பதிப்பித்து அரசின் தடைக்கு ஆளானவர். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தம் பணத்தில் எடுத்துக் கட்டியவர். ஒரே மரபிலிருந்து வந்த இந்த இரு பெண்களில் ஒருவரைச் சரி என்றும் மற்றவரைத் தவறு என்றும் முடித்துவிட முடியாது. சொத்தும் புகழும் பெற்ற பாடகியின் அனுபவம் வேறு, பத்து ரூபாய்க்குக் கைமாறிய சிறுமியின் அனுபவம் வேறு.

இந்தி எதிர்ப்பு

1938-ல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது ராமாமிர்தத்துக்கு வயது 55. அவ்வாண்டு ஆகஸ்ட் 1-ல் திருச்சி உறையூரிலிருந்து சென்னைக்குத் தமிழர் படை ஒன்று நடந்தே புறப்பட்டது. ஐ. குமாரசாமிப் பிள்ளை, பட்டுக்கோட்டை அழகிரிசாமி ஆகியோருடன் படையை நடத்திச் சென்றவர்களுள் இவரும் ஒருவர். ஏறத்தாழ நூறு ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். வழிநெடுகக் கூட்டங்களில் பேசிக்கொண்டே 42 நாள் நடந்து செப்டம்பர் 11-ல் சென்னை சேர்ந்தனர்.

நவம்பர் 13-ல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' பட்டம் வழங்கப்பட்டது. அந்த மாநாட்டை எல்லோரும் அந்தப் பட்டத்துக்காக நினைவுகூர்கிறார்கள். பட்டம் கொடுத்த பெண்களின் பெயர்கள் அடிக்குறிப்புக்குப் போய்விட்டன. மறுநாளே மறியல் செய்து கைதான முதல் ஐந்து பெண்கள்: டாக்டர் தருமாம்பாள், ராமாமிர்தம், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீத்தம்மாள். ஆறு வாரச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தில் மொத்தம் 73 பெண்கள், 32 குழந்தைகளுடன் சிறை சென்றனர்.

இறுதிக் காலம்

1949-ல் பெரியார் மணியம்மையை மணந்ததை ஏற்காமல் திராவிடர் கழகத்திலிருந்து விலகித் திராவிட முன்னேற்றக் கழகத்தில் சேர்ந்தார். 1956-ல் அண்ணா விருது வழங்கிச் சிறப்பித்தார். இரண்டு முறை இயக்கம் மாறியதன் விலையை இவர் நினைவு கொடுத்தது. காங்கிரசார் 1925-க்குப் பிறகு இவரைத் தம்மவராக எண்ணவில்லை. திராவிடர் கழக வரலாறுகள் 1949-க்குப் பின் இவரைச் சுருக்கிக்கொண்டன. முழு வாழ்க்கையை எழுத வேண்டிய கடமை எந்தக் கட்சிக்கும் இல்லாமல் போயிற்று.

பெயரில் ஒரு திட்டம்

1989-ல் மு. கருணாநிதி அரசு ஏழைப் பெண்களுக்கான திருமண நிதியுதவித் திட்டத்துக்கு இவர் பெயரை வைத்தது. குறைந்தபட்சக் கல்வியை நிபந்தனையாக்கியதால் பெண்களைப் பள்ளியில் நிறுத்திவைக்க அது உதவியது. 2011-ல் ஜெயலலிதா அரசு உதவித் தொகையோடு தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்த்தது. மக்கள் வாயில் திட்டத்துக்கே 'தாலிக்குத் தங்கம்' என்று பெயராயிற்று. சடங்கில்லாத சுயமரியாதைத் திருமணங்களை மேடை மேடையாகப் பரப்பியவரின் பெயர் தாலியோடு சேர்ந்ததை அவர் அறிந்தால் சிரித்திருப்பார், அல்லது ஒரு மணிநேரம் பேசியிருப்பார். 2022-ல் இது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்கு மேற்படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் தரும் இது 'புதுமைப் பெண்' என்று வழங்குகிறது. பழையதைவிட இது அவருக்குப் பொருத்தமான நினைவு.

நூல்கள்

தமிழில் இவருடைய வாழ்க்கையை முறையாகத் தேடித் தொகுத்தவர் பா. ஜீவசுந்தரி. 'மூவலூர் ராமாமிர்தம் அம்மையார்: வாழ்வும் பணியும்' என்ற அவரது நூல்தான் கட்சி வரலாறுகளின் ஓரத்தில் கிடந்த செய்திகளை ஒன்றுசேர்த்து ஒரு முழு மனுஷியைக் காட்டியது. கல்பனா கண்ணபிரானும் வசந்த் கண்ணபிரானும் செய்த நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பை 2003-ல் டெல்லியின் காளி ஃபார் விமன் பதிப்பகம் வெளியிட்டது. தேவதாசி ஒழிப்பு விவாதங்களை விளக்கும் நீண்ட முன்னுரை அதில் உண்டு.

எதிர்த்தரப்பை அறிய வி. ஸ்ரீராம் எழுதிய நாகரத்தினம்மாள் வரலாறு உதவும். தமிழில் 'தேவதாசியும் மகானும்' என்று வந்திருக்கிறது. ஜீவசுந்தரி ராமாமிர்தத்தை மீட்டதுபோல, இதே தஞ்சை மண்ணில் வேட்டியும் கிராப்புத் தலையுமாக விவசாயக் கூலிகளுக்காகப் போராடிய மணலூர் மணியம்மாவை மறதியிலிருந்து மீட்டதும் ஒரு பெண்ணின் எழுத்துதான்: ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்' (1991).

ராமாமிர்தத்தைப் படிக்கத் தொடங்குபவர்கள் நாவலிலிருந்து தொடங்குவது நல்லது. முதல் பாதியை நிதானமாகப் படியுங்கள். மாநாட்டுச் சொற்பொழிவுகள் வரும் இடத்தில் வேகமாகப் புரட்டினாலும் குற்றமில்லை. ஜீவசுந்தரியின் நூலை அதன்பின் எடுத்தால், கதையில் எது யார் வீட்டில் நடந்தது என்பது விளங்கும்.