விதை இல்லாத புல்

சென்ற பொங்கலுக்குக் கிராமத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லைக் கிணற்றடியில் என் தலைக்கு மேல் இரண்டு முழம் உயர்ந்து ஒரு பச்சைச் சுவர் நின்றது. கரும்பு என்று நினைத்து, "எப்போது வெட்டு?" என்று கேட்டேன். அத்தை சிரித்துவிட்டாள்.

"கரும்பு இல்லைடா, மாட்டுப் புல். நேப்பியர்னு பேரு. எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு கட்டுக் கரணை கொடுத்தார். ஊன்றி வைத்தேன், இப்படி வந்துவிட்டது."

"விதையாக வாங்கித் தூவியிருக்கலாமே?"

"இதுக்கு விதை ஏது? பூக்கும், காய்க்காது. கைக்குக் கைதான் போகணும்."

அத்தை போகிற போக்கில் சொன்ன இந்த வார்த்தைக்குப் பின்னால் எத்தனை தேசங்கள், எத்தனை நூற்றாண்டுகள் இருக்கின்றன என்பது ஊர் திரும்பிப் புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இந்தப் புல்லின் பிறந்தகம் ஆப்பிரிக்கா. வெப்ப மண்டலத்து ஆற்றங்கரைகளிலும் ஏரிக்கரைகளிலும் தானாக வளர்ந்து கிடந்தது. யானை நுழைந்தாலும் வெளியே தெரியாத உயரம். ஆகையால் யானைப்புல் என்றும் பெயர். விக்டோரியா ஏரியின் வடகரையில் புகாண்டா என்ற ராஜ்யம் இருந்தது. இன்று அது உகாண்டா நாட்டின் ஒரு பகுதி. நைல் நதியின் ஊற்றுக்கண்ணைத் தேடிப் போன ஆங்கிலேயர் ஸ்பீக், 1862-ல் அங்கே முடேசா மன்னரின் அரண்மனையைக் கண்டார். குன்றின் மேல் சுற்றுச் சுற்றாகக் கட்டப்பட்டிருந்த வேலிகளெல்லாம் அந்நாட்டு நெடும்புல்லின் மஞ்சள் நிறத் தண்டுகளால் ஆனவை என்று எழுதி வைத்திருக்கிறார். நம்மூர் அரசர்கள் கருங்கல்லால் கோட்டை கட்டினார்கள். அங்கே புல்லே மதில்!

வேலியோடு அதன் உபயோகம் முடிந்துவிடவில்லை. சில ஆண்டுகள் பயிரிட்டுச் சோர்ந்த நிலத்தைப் புகாண்டா மக்கள் சும்மா விட்டுவிடுவார்கள். அதில் யானைப்புல் வந்து மூடிக்கொள்ளும். அதன் வேர் மண்ணைப் பிடித்துப் பொலபொலவென்று ஆக்கித் தரும். பிறகு புல்லை வெட்டிச் சாய்த்துவிட்டு மறுபடியும் பயிர். எந்த இடத்தில் இந்தப் புல் ஓங்கி வளர்கிறதோ அதுவே நல்ல மண் என்பது அவர்கள் கணக்கு. ஆக, இந்தப் புல்லை 'வளர்க்கும்' வித்தையை அவர்களுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து கற்றுக் கொடுக்கவில்லை.

ஆனால் பெயர் வைத்தவர்கள் வேறு ஆட்கள். கினியா கரையில் டென்மார்க்குக்குச் சில கோட்டைகள் இருந்த காலம் அது. பீட்டர் தோனிங் என்ற இளைஞரை டேனிஷ் சர்க்கார் அங்கே அனுப்பியது. 1799 முதல் 1803 வரையில் அவர் அந்தக் கரையில் செடிகொடிகளைச் சேகரித்துக் காயவைத்துக் கோபன்ஹேகனுக்குக் கொண்டு வந்தார். பாவம், 1807-ல் ஆங்கிலேயக் கப்பற்படை அந்த நகரத்தைக் குண்டு போட்டு எரித்தபோது அவரிடம் இருந்த சேகரிப்பு முழுவதும் சாம்பலாயிற்று. நல்ல வேளையாக வேறு அறிஞர்களிடம் சில பிரதிகள் தங்கியிருந்தன. அவற்றையும் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு ஷூமாகர் என்பவர் 1827-ல் வெளியிட்ட நூலில்தான் நம் புல்லுக்குச் சாஸ்திரப் பெயர் கிடைத்தது. கதிரின் ஊதா நிறத்தைப் பார்த்து 'பர்ப்பூரியம்' என்றார். இது பொருத்தமான பெயர்தான். குற்றம் சொல்ல மாட்டேன்.

நேப்பியர் என்ற பெயரைப் பற்றித்தான் எனக்குச் சிறிது மனத்தாங்கல். இன்றைய ஜிம்பாப்வேயில் புலவாயோ என்ற நகரம் இருக்கிறது. 1893 வரையில் அது லோபெங்குலா என்ற ஆப்பிரிக்க மன்னரின் தலைநகர். பிறகு வெள்ளையர் கைக்குப் போய், நாட்டின் பெயரே ரொடீஷியா என்று மாறிவிட்டது. அங்கே குடியேறியிருந்த கர்னல் நேப்பியர் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், "இந்தப் புல்லைக் கால்நடைத் தீவனமாகப் பயிரிட்டுப் பாருங்கள்" என்று விவசாய இலாகாவை வற்புறுத்தினார். இலாகா பயிரிட்டுப் பார்த்தது. புல்லும் நன்றாக வந்தது, பெயரும் ஒட்டிக்கொண்டது. கர்னல் நல்ல யோசனைதான் சொன்னார், மறுக்கவில்லை. ஆயினும், தலைமுறை தலைமுறையாக அதை வேலியாக்கி, நிலத்தைத் தேற்றிக்கொண்ட ஜனங்களில் ஒருவர் பெயராவது அதில் இருக்கிறதா? 1912-ல் அது இந்தியாவுக்கு வந்தது. மறு வருஷம் அமெரிக்காவுக்குப் போயிற்று. போன இடமெல்லாம் கர்னலும் கூடவே போனார்.

இனி கம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பங்கூழ் குடித்து வளர்ந்த நமக்கு, கம்பும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான் என்றால் நம்பச் சிறிது கஷ்டமாக இருக்கும். மாலி நாட்டின் வடகிழக்கில், சகாராவின் ஓரமாக, திலெம்சி என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே பானை வனைந்தவர்கள் களிமண்ணோடு கம்பு உமியைக் கலந்து பிசைந்தார்கள். சூளையில் உமி எரிந்து போயிற்று. அதன் அச்சு மாத்திரம் ஓட்டில் நின்றது. அந்த அச்சைக் கொண்டுதான் கம்பை மனிதன் பயிராக்கிவிட்ட செய்தியை ஆராய்ச்சியாளர்கள் அறிந்தார்கள். கர்நாடகத்து ஹள்ளூரில் அகழ்ந்தெடுத்த கம்பு மணிகள் ஏறக்குறைய 3500 ஆண்டுப் பழமை உள்ளவை. கடல் கடந்து அதைக் கொண்டு வந்தவன் மாலுமியோ வியாபாரியோ, கர்னல் இல்லை என்பது மட்டும் நிச்சயம். அதனால்தான் கம்பு கம்பாகவே இருக்கிறது.

கம்பும் யானைப்புல்லும் நெருங்கிய உறவு. கம்பின் உயிரணுவில் 14 குரோமோசோம்கள், யானைப்புல்லுக்கு 28. அந்த 28-ல் பாதி கம்பினுடையதைப் பெரிதும் ஒத்திருக்கிறது. ஒரு கிளை தானியமாகி மனிதன் வயிற்றை நிரப்பப் போயிற்று. மற்றொன்று ஆற்றங்கரையிலேயே நின்றுவிட்டது. இரண்டையும் சேர்த்தால் என்ன என்ற எண்ணம் பலருக்கும் வந்தது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிப்டன் ஊரில் பர்ட்டன் என்பவர் அவ்விதம் சேர்த்த செய்தியை 1944-ல் வெளியிட்டார். நம் நாட்டில் இந்தக் கலப்பு முதன்முதலாக நடந்தது கோயமுத்தூரில், 1953-ல். டில்லியில் 1961-ல் மற்றொரு வகை வந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பிரிந்து கிடந்த இரண்டு சொந்தக்காரர்கள் கோயமுத்தூரில் சம்பந்தம் செய்துகொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

பிறந்த குழந்தை நேப்பியரைப் போல் நெடியது. இலையில் கம்பின் மென்மையும் தண்டில் இனிப்பும் உண்டு. ஆனால் 14-ம் 28-ம் கலந்தால் பிள்ளைக்கு வருவது 21. ஒற்றைப்படை எண், ஜோடி சேராது. கோவேறு கழுதை கதைதான். கதிர் தள்ளும், மணி பிடிக்காது. அத்தை சொன்னதன் காரணம் இதுவே.

ஆகையால் இதை வளர்ப்பது கரும்பு வளர்ப்பது மாதிரி. முற்றின தண்டை இரண்டு கணு இருக்கும்படி நறுக்கி, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி பாரில் ஊன்ற வேண்டும். இரண்டரை மாதத்தில் முதல் அறுப்பு. அதற்குப் பிறகு நாற்பத்தைந்து நாளைக்கு ஒன்று. தரையோடு வழித்து அறுக்கக் கூடாது. அரைச் சாண் கட்டை விட்டால்தான் தூர் கட்டும். தண்ணீர் வேண்டும், தேங்கினால் ஆகாது. ஒவ்வொரு அறுப்புக்கும் எருவைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் மண்ணை உறிஞ்சிவிடும். புகாண்டாவில் மண்ணைத் தேற்றிய புல் இங்கே மண்ணைச் சோரவைக்கிறதே என்று முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யோசித்தால் ஆச்சரியமில்லை. அங்கே அது விழுந்த இடத்திலேயே மக்கியது. இங்கே கட்டுக் கட்டாகத் தொழுவத்துக்குப் போகிறது. தொழுவத்துச் சாணம் திரும்பி வந்தால்தானே கணக்கு நேராகும்? இன்னொன்று: இதில் ஆக்ஸலேட் என்ற உப்பு அதிகம், மாட்டின் உடம்பில் சுண்ணாம்புச் சத்தை அது பிடித்துக்கொள்ளும். இதையே மட்டும் போடாமல் வேலிமசால் போன்ற பயறுவகைத் தழையையும் கலந்து போடுவது நல்லது.

கென்யாவின் சிறு குடியானவர்களுக்கு யானைப்புல் வெறும் தீவனம் அல்ல; பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு, மாட்டைக் கொட்டிலிலேயே கட்டி, வரப்பிலும் சரிவிலும் வளர்த்த புல்லை அறுத்துப் போட்டுப் பால் விற்கிறார்கள். 1990-களில் விக்டோரியா ஏரிக்கரை மிபிட்டாவில் இருந்த ஆராய்ச்சியாளர்கள் புல்லின் மற்றொரு குணத்தைப் பயன்படுத்திக் காட்டினார்கள். மக்காச்சோளத்தைச் சுற்றி இதை நட்டால், தண்டைத் துளைக்கும் புழுவின் தாய்ப்பூச்சி சோளத்தை விட்டு இதில் போய் முட்டையிடுகிறது. குஞ்சுப் புழு தண்டைக் குடைந்ததும் புல் ஒரு பிசினைச் சுரக்கிறது. புழு அதில் ஒட்டிக்கொண்டு சாகிறது. பெரும்பாலும் பிழைப்பதில்லை.

அதே 1990-களின் கடைசியில் மேற்குக் கென்யாவில் இந்தப் புல்லுக்கு ஒரு சீக்கு வந்தது. அறுத்த தூரிலிருந்து வரும் துளிர் வெளிறிக் குட்டையாகி, புதர் மாதிரி நின்று, இரண்டு மூன்று அறுப்பில் தூரே செத்துப்போகும். கண்ணுக்குத் தெரியாத கிருமி. தத்துப்பூச்சி ஒன்று அதைப் பரப்புகிறது. பூச்சியோடு மனிதனும் சேர்ந்து பரப்பினான். அங்கே சாதாரண யானைப்புல்லையும் கரணையாகத்தான் நடுகிறார்கள். ஒருவர் மற்றொருவருக்கு அன்போடு கொடுத்த கட்டிலேயே நோயும் ஒளிந்து போயிற்று. கறவை நின்ற வீடுகள் உண்டு. நோய்க்கு மருந்து இல்லை. தாங்கும் ரகத்தைத் தேடி எடுப்பதும், பாதித்த தூரைப் பிடுங்கி எறிவதும், நல்ல தூரிலிருந்து மட்டும் கரணை எடுப்பதும்தான் வழி.

நான் இதையெல்லாம் அத்தைக்கு ஒரு கடிதமாக எழுதினேன். பதிலுக்குப் போனில் கூப்பிட்டாள். மேலத்தெரு மருமகப் பெண் ஒருத்தி புதிதாகக் கறவை வாங்கியிருக்கிறாளாம், கரணை கேட்டாளாம்.

"கொடுத்தீர்களா?"

"கொடுக்காமல்? வடக்கு ஓரத்திலே ஒரு தூர் கொஞ்சம் வெளுத்தாற்போல் இருந்தது. அதை மட்டும் தோண்டி எரித்துவிட்டு, மற்றதிலே நாற்பது கரணை வெட்டிக் கொடுத்தேன்."